ஒலி சுமக்கும் சைக்கிள்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊர் வாசிகசாலை விறாந்தையில் ஒரு சைக்கிள் நிற்கிறது. பழைய 28 அங்குலச் சைக்கிள், கம்பிப் பிறேக், டபுள் ஸ்டாண்ட். கரியரின் இரண்டு பக்கமும் இரண்டு பலகைப் பெட்டிகள், பெட்டிக்குள் ஸ்பீக்கர். பாருக்குக் கீழே, சட்டத்தின் முக்கோணத்துக்குள் பற்றறி. கரியருக்கு மேலே ஒரு சின்னத் தகரப் பெட்டிக்குள் அம்பிளிபயர். நானும் என் தங்கையின் மகனும் பின்னேரங்களில் இருந்து மூன்று மாதமாகச் செய்தது. நான் றேடியோ, ரிவி திருத்துகிறவன். மேடையில் பேசிப் பழக்கமில்லை. ஆனால் இந்தச் சைக்கிளைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது.

சைக்கிளும் ஒலியும் சேர்வது யாழ்ப்பாணத்துக்குப் புதிதில்லை. 1990 யூனில் சண்டை திரும்பத் தொடங்கியபின் மின்சாரம் நின்றுபோனது. பற்றறி தடைசெய்த பொருள். மண்ணெண்ணெய் கிடைத்தாலும் விலை கேட்க முடியாது. ஜாம் போத்தலுக்குள் திரி போட்டு அதற்குப் பக்கத்தில் இருந்துதான் படித்தோம். அந்த நாட்களில் செய்தி கேட்க வேண்டுமென்றால் சைக்கிள் வேண்டும்.

எங்கள் வீட்டில் அண்ணாதான் சைக்கிளைக் கவிழ்ப்பார். சீற்றும் ஹான்டிலும் நிலத்தில் ஊன்ற, சில்லு இரண்டும் மேலே நிற்கும். டைனமோவின் தலையை ரயரில் படியவிட்டு, அதிலிருந்து வருகிற வயரை றேடியோவின் பற்றறிக் கூட்டுக்குள் கொழுவுவார். பி.பி.சி. தமிழோசைக்கு முன்னமே அக்கம்பக்கத்து ஆட்கள் வந்து மாமரத்துக்குக் கீழே குந்தியிருப்பார்கள். பெடலைக் கையால் சுற்றுகிற வேலை பெடியளுக்கு, முறை வைத்து. சுற்றுகிற கை தளர்ந்தால் செய்தி வாசிக்கிறவரின் குரல் இறங்கிப்போகும். முக்கியமான இடத்தில் இறங்கினால் அம்மம்மா, "சுத்தடா மோனை, சுத்து, விடாதை" என்பா. ஒலிக்கு ஒரு பாரம் இருக்கிறது என்பதை நான் அந்த வயதில் கையால் படித்தேன். இன்றைக்கும் ஒரு அம்பிளிபயரைப் பார்த்தால், இதை ஒரு ஆள் சுற்றுவதென்றால் எவ்வளவு நேரம் சுற்றுவான் என்றுதான் மனம் கணக்குப் போடும்.

அது ஏன் வேலை செய்தது என்று சொல்கிறேன். ரயரில் உரசி ஓடுகிற டைனமோ பொதுவாக 6 வோல்ட், 3 வாட் தருவது. நாலு ரோச் பற்றறி போடுகிற றேடியோவுக்கும் தேவை 6 வோல்ட். அளவு பொருந்திவிட்டது. டைனமோவிலிருந்து வருவது திசை மாறி மாறி ஓடுகிற ஆடலோட்டம், றேடியோவுக்கு வேண்டியது ஒரே திசையில் ஓடுகிற நேரோட்டம். அதற்கு நாலு டயோட், பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருவாயி என்று இருக்கும், அதோடு ஒரு கொள்ளளவி. பழுதாய்ப்போன றேடியோக்களைக் கழற்றி எடுத்தோம். நான் ஈயம் உருக்கி ஒட்டப் பழகியது அப்படித்தான், கரியடுப்பில் கம்பியைச் சுடவைத்து.

பிறகுதான் படித்தேன், அவுஸ்திரேலியாவிலும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. அல்பிரெட் ட்ரேகர் என்ற பொறியியலாளர் காலால் மிதித்து மின் எடுக்கிற றேடியோக் கருவியைச் செய்தார். 1929இலிருந்து அது நூற்றுக்கணக்கான மைல் ஆள் நடமாட்டமில்லாத பண்ணைகளுக்குப் போனது. அந்த மிதி றேடியோவால்தான் அங்கேயுள்ள குடும்பங்கள் பறக்கும் வைத்தியரைக் கூப்பிட்டன. அவர்களைப் பிரித்தது தூரம், எங்களைப் பிரித்தது போர். இரண்டு இடத்திலும் காலும் கையும்தான் மின்சாரம்.

சரி, இப்போதைய சைக்கிளுக்கு வருவோம். மருமகன் கைத்தொலைபேசியில் ஒரு காட்சி காட்டினான். நியூயோர்க்கில் குயீன்ஸ் என்ற பகுதியில் ட்ரினிடாட் தீவிலிருந்து போய்க் குடியேறிய குடும்பத்துப் பெடியள், சின்னச் சைக்கிள்களில் ஆளுயரத்துக்கு ஸ்பீக்கர் அடுக்கி, வாகனப் பற்றறி கட்டி ஓடுகிறார்கள். "மாமா, இப்பிடி ஒண்டு செய்வமே?" என்றான். அவனுக்கு நெஞ்சு அதிரத் தாழ்ந்த சுரம், பேஸ், வேண்டும். எனக்கு வேறொரு எண்ணம். எங்கள் ஊரில் கூத்துப் பழக்கம் நடக்கிற வளவுக்கு மின்சாரம் இல்லை. முன்பள்ளி விளையாட்டுப்போட்டிக்கு ஒவ்வொரு வருஷமும் ஜெனரேற்றர் வாடகைக்கு எடுத்து, அதன் இரைச்சலுக்கு மேலே பிள்ளைகளின் பேரைக் கத்துகிறோம். சைக்கிள் போகக்கூடிய இடத்துக்கெல்லாம் ஒரு குரலும் போனால் எவ்வளவு நல்லது!

முதல் சண்டை வாட்டில் வந்தது. கடையில் ஒரு பெட்டியில் 3000 வாட் என்று ஒட்டியிருக்கும். அதை நம்பக்கூடாது. 12 வோல்ட் பற்றறி, 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் கணக்கு இதுதான்: 12ஐ 12ஆல் பெருக்கினால் 144, அதை 4இன் இருமடங்கான 8ஆல் வகுத்தால் 18. ஒரு ஸ்பீக்கருக்கு 18 வாட், அவ்வளவுதான். வோல்ட்டை உயர்த்துகிற வேறு சுற்று இல்லாமல் அதற்கு மேலே சுத்தமாக வராது. மருமகனின் முகம் வாடிவிட்டது. அவனுக்கு இன்னொரு கணக்கையும் காட்டினேன். ஒலியை அளப்பது டெசிபலில். வாட்டை இரண்டு மடங்காக்கினால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு அது கொஞ்சம்தான். இரண்டு மடங்கு சத்தம் என்று காது உணர வேண்டுமானால் வாட் பத்து மடங்கு வேண்டும். ஆனால் ஒரே வாட்டில் 87 டெசிபல் தருகிற ஸ்பீக்கரை விட்டு 90 டெசிபல் தருகிறதைத் தெரிந்தெடுத்தால், அந்த 3 டெசிபல் சும்மா வருகிறது. பற்றறிக்கு ஒரு செலவுமில்லை. ஸ்பீக்கர் வாங்கும்போது வாட்டைக் கேட்பதை விட்டு இந்த எண்ணைக் கேளுங்கள்.

நாங்கள் எடுத்தது கார்க் கதவில் பூட்டுகிற ஆறரை அங்குல ஸ்பீக்கர் இரண்டு, கழிவிலிருந்து. அம்பிளிபயர் 'டி' வகுப்பு. பற்றறியிலிருந்து எடுப்பதில் நூற்றுக்கு 90 வரை ஸ்பீக்கருக்கே கொடுக்கும். பழைய வகை பாதியைச் சூடாக்கி வீணாக்கிவிடும், அதற்கு மேலே ஒரு அலுமினியக் கட்டியையும் சுமக்க வேண்டும்.

பெட்டியில்தான் நிறைய நாள் போனது. ஸ்பீக்கரைப் பெட்டியில்லாமல் பாட விட்டால் தகரக் குரல் வரும். கூம்பு முன்னே தள்ளும்போது பின்னே இழுக்கிறது. முன் அலையும் பின் அலையும் விளிம்பைச் சுற்றி வந்து ஒன்றையொன்று அழிக்கின்றன, தாழ்ந்த சுரம் முதலில் சாகும். பின் அலையை அடைத்து வைக்கத்தான் பெட்டி. 9 மில்லிமீற்றர் பிளைவூட்டில், உள்ளளவு 33, 20, 18 சென்ரிமீற்றர். ஏறக்குறைய 12 லீற்றர். மூலையெல்லாம் பசையும் சிலிக்கனும். உள்ளே எங்கள் வளவு மரத்து இலவம்பஞ்சு, அளவாக. மூடிவிட்டுக் கூம்பை மெல்ல உள்ளே அழுத்தினேன். விட்டதும் அவசரமில்லாமல் திரும்பி வந்தது. காற்று ஒழுகவில்லை. அந்த மெதுவான திரும்பலைப் பார்த்த சந்தோசம் இன்னும் மறக்கவில்லை.

ஏன் 18 சென்ரிமீற்றர் என்று கேட்பீர்கள். எங்கள் ஒழுங்கைகளால். பெட்டி வெளியளவு 20, இரண்டுக்கும் 40, கரியர் 15, மொத்தம் 55. ஹான்டில் 60. ஹான்டில் போகிற படலைக்குள்ளால் பெட்டியும் போகும், கிடுகு வேலியிலும் முட்கம்பியிலும் உரசாது. முதலில் அகலமாகச் செய்த பெட்டியை உடைத்து மறுபடி செய்தோம். அதேபோல பெட்டி முன்னுக்கு வந்தால் மிதிக்கிறபோது குதிக்கால் அடிக்கும். சீற்றில் ஆளை இருத்தி, பெடலைச் சுற்ற வைத்து, குதிக்கால் எட்டுகிற இடத்தைச் சோக்கால் கீறி, அதற்குப் பின்னால்தான் பெட்டியைத் தாங்குகிற இரும்புப் பட்டத்தை ஒட்டினோம்.

பாரத்தைப் பற்றி. ஒரு பெட்டி ஸ்பீக்கரோடு மூன்று கிலோ, 12 வோல்ட் 7 அம்பியர் மணிப் பற்றறி இரண்டரைக் கிலோ அளவில். எல்லாம் சேர்த்துப் பத்துக் கிலோவுக்குள். ஒரு மூட்டை விறகை விடக் குறைவு. ஆனால் அது எங்கே இருக்கிறது என்பதில்தான் விசயம். கரியருக்கு மேலே கட்டினால் இறங்கித் தள்ளும்போதே சைக்கிள் சரியப் பார்க்கும். கீழே தொங்கினால் ஓடுகிறவனுக்குத் தெரியவே தெரியாது. பழைய இங்கிலாந்துச் சைக்கிள்களின் பின் சில்லில் 40 கம்பி, முன் சில்லில் 32. பின்னால் பாரம் வரும் என்று தெரிந்து செய்தவர்கள். அவர்களை நினைத்துத்தான் இந்தச் சைக்கிளையே தெரிந்தெடுத்தேன்.

இனி ஒரு பிழையைச் சொல்ல வேண்டும், செய்யப்போகிறவர்களுக்கு உதவும். மோட்டார் சைக்கிளில் செய்கிற மாதிரி பற்றறியின் மறை முனையைச் சட்டத்தோடேயே இணைத்திருந்தேன். பியூஸ் பிறகு போடலாம் என்று விட்டேன். முதல் ஓட்டத்தில் நேர் முனை வயர் கரியரின் விளிம்பில் உரசி, உறை தேய்ந்து, இரும்பில் முட்டியது. மருமகன் ஓடிக்கொண்டிருந்தான். புகை அவன் காலுக்குக் கீழேயிருந்து வந்தது. குதித்து, சாரத்தால் பிடித்து வயரைப் பிடுங்கினான். இரண்டு விரலில் கொப்புளம். இவ்வளவு சின்னப் பற்றறி முட்டினால் 100 அம்பியருக்கு மேல் கொட்டும். வீட்டில் தங்கை ஒரு சொல்லும் சொல்லவில்லை, விரலுக்கு மருந்து போட்டுவிட்டு என்னைப் பார்த்தா. அன்றிரவே 5 அம்பியர் பியூஸ், நேர் முனையிலிருந்து ஒரு சாணுக்குள். சட்டத்தில் இப்போது எந்த வயரும் இணையவில்லை. விளிம்பு வருகிற இடமெல்லாம் பழைய ரியூப்பை வெட்டிச் சுற்றியிருக்கிறது. பியூஸ் பூட்டாமல் பற்றறியைக் கொழுவாதீர்கள், பரீட்சித்துப் பார்க்கிற ஒரு நிமிசத்துக்குக்கூட.

எவ்வளவு நேரம் பாடும்? 12ஐ 7ஆல் பெருக்க 84 வாட் மணித்தியாலம். ஈயப் பற்றறியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும், ஆகவே கையில் 42. பாட்டும் பேச்சும் எப்போதும் உச்சத்தில் நிற்பதில்லை, சராசரியாக 5 வாட்டுக்குள் அடங்கும். எட்டு மணித்தியாலம் தாராளம். திரும்ப ஏற்றுவது வாசிகசாலைக் கூரையில் உள்ள 20 வாட் சூரியத் தகட்டால், எங்கள் வெயிலுக்கு ஒரு பகல் போதும். டைனமோவால் ஏற்றலாமே என்று பலரும் கேட்கிறார்கள். 3 வாட்டில் 42ஐ நிரப்ப 14 மணித்தியாலம் மிதிக்க வேண்டும். அதை லைற்றுக்கு விட்டிருக்கிறோம்.

போன ஆவணியில் கூத்துப் பழக்கத்துக்குக் கொண்டுபோனோம். சோளகக் காற்று நல்லாய் அடித்த நாள். காற்றுக்கு எதிராக வைத்தபோது பின் வரிசையில் இருந்தவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. நிலத்துக்குக் கிட்டக் காற்று மெதுவாகவும் மேலே வேகமாகவும் போகும், அதனால் எதிர்க்காற்றில் போகிற ஒலி மேல்நோக்கி வளைந்து தலைக்கு மேலால் போய்விடும். சைக்கிளைத் திருப்பி, காற்று முதுகில் படவும் ஸ்பீக்கர் ஆட்களைப் பார்க்கவும் ஸ்டாண்டில் நிறுத்தினோம். மைக்கைப் பெட்டிகளுக்குப் பின்னால் வைத்தோம், ஸ்பீக்கரின் ஒலியே மைக்குக்குள் திரும்பப் போய் வருகிற ஊளை நின்றது. ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து எட்டு மீற்றரில் என் கணக்குப்படி 84 டெசிபல் வரை வர வேண்டும், வந்தது. கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் இரண்டு அடி பாடிவிட்டு நிறுத்தினார். "தம்பி, கொஞ்சம் குறையுங்கோ. மத்தளத்துக்கு மேலே போகுது. காற்சலங்கையும் எனக்குக் கேக்க வேணும்" என்றார். குறைத்தோம். அன்றைக்கு அவர் குரல் கட்டாமல் விடியற்புறம் வரை பழக்கினார், பத்து மணிக்குப் பிறகு மைக் இல்லாமல்.

ஏனென்றால் இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாதென்று உச்ச நீதிமன்றம் 2007இல் சொல்லியிருக்கிறது, பத்துக்கு நாங்கள் நிறுத்திவிடுவோம். பொது இடத்தில் பாவிப்பதற்குப் பொலிஸ் அனுமதியும் எடுக்கிறோம். உயர்தரப் பரீட்சைக் காலத்தில் சைக்கிள் வெளியே போவதில்லை. றோட்டில் ஓடும்போது ஒலி இல்லை. பின்னால் வருகிற பஸ்ஸின் சத்தம் ஓடுகிறவனுக்குக் கேட்க வேண்டும். மருமகனுக்கு இது முதலில் பெரிய மனவருத்தம். இப்போது பாண் விற்கிற ஓட்டோ பாட்டோடு வந்தால் அவனே சொல்கிறான், "மாமா, அவருக்கு றோட்டில சத்தம் வேணும், எங்களுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் வேணும்."

ஞாயிறு காலைகளில் நாங்கள் வாசிகசாலை விறாந்தையில்தான் இருப்போம். கார்த்திகை மழைக்கு முன்னம் பெட்டிகளுக்குத் தார்ப்பாய் உறை தைக்க வேண்டும், அடுத்த ஊர் முன்பள்ளிக்காக இரண்டாவது சைக்கிளும் தொடங்கியிருக்கிறோம். அதற்கு ஒரு டைனமோ குறைகிறது. உங்கள் வீட்டுக் கொட்டிலில் பழையது ஏதும் கிடந்தால், பழைய இரும்புக்காரர் வரும்போது போட்டுவிடாதீர்கள். தலையை விரலால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். விட்டு விட்டு இழுக்கிற மாதிரி விரலுக்குத் தெரிந்தால் உள்ளே காந்தம் இன்னும் நல்லாய்த்தான் இருக்கிறது. அதை எங்களிடம் கொண்டுவாருங்கள்.

நன்றி, வணக்கம்.