ஏ² − பி²: பாடப்புத்தகம் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம்

[திரையில்: 8051 என்ற எண் மட்டும்]

வணக்கம். இந்த எண்ணைப் பாருங்கள், 8051. இது பகா எண்ணா, பகு எண்ணா? கால்குலேட்டரைத் தொடக் கூடாது. வீடியோவை நிறுத்திவிட்டு ஒரு நிமிஷம் முயன்று பாருங்கள்.

என்ன செய்திருப்பீர்கள் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. 2 போகாது, 3 போகாது, 5 போகாது, 7ஆல் வகுத்தால் மீதி 1, 11ஆல் வகுத்தால் மீதி 10, 13ஆல் மீதி 4... பகா எண்களை வரிசையாக எடுத்து வகுத்துக்கொண்டே போனால் விடை கிடைத்துவிடும், ஆனால் அது 23ஆவது வகுத்தலில்தான் கிடைக்கும், அதற்குள் பாதிப் பேர் "இது பகா எண்தான் சார்" என்று சொல்லிப் பேனாவை மூடியிருப்பார்கள்.

இப்போது இதைப் பாருங்கள்.

[திரையில்: 8051 = 8100 − 49 = 90² − 7² = (90 + 7)(90 − 7) = 97 × 83]

ஒரே வரி, முடிந்துவிட்டது. இதில் புதிதாக ஒன்றுமே இல்லை. ஏ² − பி² = (ஏ + பி)(ஏ − பி) என்று எட்டாம் ஒன்பதாம் வகுப்பிலேயே மனப்பாடம் செய்த அதே முற்றொருமைதான். இந்த வீடியோ முழுக்க இந்த ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளப் போகிறோம், வேறு சூத்திரம் எதுவும் வேண்டாம்.

ஏன் இந்த ஒன்று மட்டும் என்றால், "நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்குக் கூடுதல் கணக்கு" என்று கைடுகளில் கொடுப்பதைப் பாருங்கள். 49எக்ஸ்² − 64 போட்டு முடித்தவனுக்கு 121எக்ஸ்² − 169 கொடுக்கிறார்கள், அதையும் முடித்தால் பின்னம் சேர்த்துக் கொடுக்கிறார்கள். கணக்கு நீளமாகிறது, அவ்வளவுதான். புரிதல் இருந்த இடத்திலேயே நிற்கிறது. ஆழமான கணக்கு என்பது தெரிந்த சூத்திரத்தையே திருப்பிப் போட்டுக் கேள்வி கேட்பது. இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம் தெரிந்தால் காரணிகள் கிடைக்கும், சரி. காரணிகளே வேண்டும், வர்க்கங்கள் தெரியாது என்றால்?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் பியர் டி ஃபெர்மா, 17ஆம் நூற்றாண்டு பிரான்ஸ். தொழில் சட்டம், கணிதம் ஓய்வு நேரத்தில். அவர் முறை இதுதான்: கொடுத்த எண்ணின் வர்க்கமூலத்துக்கு அடுத்த முழு எண்ணை எடுத்து, அதன் வர்க்கத்திலிருந்து கொடுத்த எண்ணைக் கழித்துப் பாருங்கள். மிச்சம் ஒரு முழு வர்க்கமாக இருந்தால் வேலை முடிந்தது. இல்லையென்றால் அடுத்த எண்.

2881ஐ எடுத்துக்கொள்வோம். வர்க்கமூலம் 53க்கும் 54க்கும் நடுவில். 54² = 2916, அதில் 2881 போனால் 35, வர்க்கம் இல்லை. சரி, 55² = 3025, அதில் 2881 போனால் 144, அது 12². அப்படியென்றால் 2881 = (55 + 12)(55 − 12) = 67 × 43. இரண்டே முயற்சி.

ஃபெர்மா எடுத்துக்கொண்ட எண் இதைவிடக் கொஞ்சம் பெரியது.

[திரையில்: 2027651281]

இதன் வர்க்கமூலம் 45029க்குச் சற்று மேலே. அதனால் 45030இல் தொடங்குகிறோம். வரவில்லை. 45031, வரவில்லை. இப்படியே 12ஆவது எண்ணான 45041க்கு வரும்போது 45041² − 2027651281 = 1040400, அதாவது 1020². ஆக, காரணிகள் 46061, 44021. ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துப் பார்த்திருந்தால் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வகுத்தல்கள் ஆகியிருக்கும், அதுவும் கையால். இந்தக் கணக்கு 1643 வாக்கில் மெர்சென் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞருக்கு எழுதிய கடிதத்தில் வருகிறது.

சரி, இந்த முறை எப்போதும் வேலை செய்யுமா? இங்கேதான் ஆழம் தொடங்குகிறது, கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

ஓர் ஒற்றை எண்ணுக்கு இரண்டு காரணிகள் இருந்தால் இரண்டுமே ஒற்றைதான், ஒன்று இரட்டையாக இருந்தாலே பெருக்கல் இரட்டையாகிவிடும். இரண்டு ஒற்றை எண்களைக் கூட்டினாலும் இரட்டை, கழித்தாலும் இரட்டை, அதனால் இரண்டையும் பாதியாக்கலாம். கூட்டலில் பாதி ஏ, கழித்தலில் பாதி பி. ஆகவே எந்த ஒற்றை எண்ணின் எந்தக் காரணி ஜோடியையும் வர்க்க வித்தியாசமாக மாற்றிவிடலாம்.

[திரையில்: 45 = 23² − 22² = 9² − 6² = 7² − 2²]

45ஐப் பாருங்கள். 45 × 1 முதல் வடிவத்தைத் தருகிறது, 15 × 3 இரண்டாவதை, 9 × 5 மூன்றாவதை. மூன்று ஜோடி, மூன்று வழி. நாலாவது வழி இருக்கிறதா என்று யாராவது கேட்டால், இல்லை என்று தேடாமலே சொல்லிவிடலாம், ஏனென்றால் நாலாவது காரணி ஜோடி கிடையாது. பகா எண்ணாக இருந்தால் ஒரே வழிதான். 2027 பகா எண், அதற்கு 1014² − 1013² மட்டுமே.

இதை வகுப்பில் கொடுப்பதென்றால் இந்த விளக்கத்தை முன்னால் சொல்லிவிடாதீர்கள். 1 முதல் 30 வரை எழுதச் சொல்லுங்கள், ஒவ்வொன்றையும் வர்க்க வித்தியாசமாக எழுத முடிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பூஜ்யத்தின் வர்க்கமும் சேர்த்தி, அதனால் 4 = 2² − 0² செல்லும். கொஞ்ச நேரத்தில் ஒரு குரல் வரும்: "ஒற்றை எண் எல்லாம் வருது." உடனே இன்னொரு குரல்: "8 வருதே, 9 − 1." அப்புறம் 12 வரும், 16 − 4. 2 வராது, 6 வராது, 10 வராது, 14 வராது. இந்த நான்கையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு நீங்கள் பேசாமல் நின்றால் போதும்.

[திரையில்: 2, 6, 10, 14, 18, 22, 26, 30]

4ஆல் வகுத்தால் மீதி 2 வருகிற எண்கள் எதுவுமே வராது. காரணம் அதே முற்றொருமைக்குள் இருக்கிறது. ஏ + பி, ஏ − பி இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 2பி, அது இரட்டை. அதனால் இரண்டும் ஒன்றாக ஒற்றையாக இருக்க வேண்டும், அல்லது ஒன்றாக இரட்டையாக இருக்க வேண்டும், ஒன்று அப்படி ஒன்று இப்படி இருக்க வழியில்லை. இரண்டும் ஒற்றையென்றால் பெருக்கல் ஒற்றை. இரண்டும் இரட்டையென்றால் பெருக்கல் 4ஆல் வகுபடும். நடுவில் இருக்கிற எண்களுக்கு இடமே இல்லை. 2026ஐ எத்தனை கோடி வர்க்கங்களை வைத்துத் தேடினாலும் வராது, 2028 மூன்று வழியில் வரும். அந்த மூன்றையும் நீங்களே கண்டுபிடியுங்கள், ஒன்றை மட்டும் சொல்கிறேன்: 52² − 26².

அடுத்த கேள்வி இன்னும் பிடிக்கும்.

[திரையில்: எக்ஸ்⁴ + 4]

இதைக் காரணிப்படுத்துங்கள் என்றால் பத்தாம் வகுப்பு மாணவர்கள்கூட "நடுவில் பிளஸ் இருக்கு, முடியாது" என்பார்கள். மைனஸ் இருந்தால்தான் சூத்திரம் என்று பழகிவிட்டது. அதனால் எழுத்தை விட்டுவிட்டு எண்ணைப் போட்டுப் பாருங்கள். எக்ஸ் 3 என்றால் 85, அது 17 × 5. எக்ஸ் 5 என்றால் 629, அது 37 × 17. எக்ஸ் 15 என்றால் 50629, அது 257 × 197. எப்போதும் உடைகிறது, ஏதோ இருக்கிறது.

இருப்பது இதுதான். எக்ஸ்⁴ + 4 ஒரு முழு வர்க்கம் ஆவதற்கு நடுவில் 4எக்ஸ்² குறைகிறது. அதைச் சேர்த்து, சேர்த்ததையே கழித்தும் விடுங்கள்.

[திரையில்: எக்ஸ்⁴ + 4எக்ஸ்² + 4 − 4எக்ஸ்² = (எக்ஸ்² + 2)² − (2எக்ஸ்)² = (எக்ஸ்² + 2எக்ஸ் + 2)(எக்ஸ்² − 2எக்ஸ் + 2)]

பாருங்கள், மைனஸ் வந்துவிட்டது. 4க்குப் பதிலாக 4ஒய்⁴ என்று போட்டாலும் இதே வேலை நடக்கும், அந்தப் பொது வடிவத்தைச் சோஃபி ஜெர்மெய்ன் முற்றொருமை என்கிறார்கள். சோஃபி 1776இல் பாரிஸில் பிறந்த கணித அறிஞர். அங்கே எக்கோல் பாலிடெக்னிக் என்ற உயர்கல்வி நிறுவனம் தொடங்கியபோது பெண்களுக்கு இடமில்லை, அதனால் விரிவுரைக் குறிப்புகளை வாங்கிப் படித்து, லெப்ளாங்க் என்று ஓர் ஆண் பெயரில் கணித மேதை லக்ராஞ்சுக்கு எழுதி அனுப்பியவர், பிறகு இன்னொரு மேதையான காஸுக்கும் அதே பெயரில்தான் எழுதினார்.

இப்போது கேள்வியைக் கொஞ்சம் திருகுவோம். எக்ஸ் ஒரு நேர் முழு எண். எக்ஸ்⁴ + 4 எப்போது பகா எண்? "காரணிப்படுத்திவிட்டோமே, அப்படியென்றால் எப்போதுமே பகா எண் இல்லை" என்று நிறையப் பேர் எழுதுவார்கள். எக்ஸ் 1 போடுங்கள், 5 வருகிறது. 5 பகா எண்தானே! எங்கே தப்பியது? ஒரு காரணி 1 ஆகிவிட்டால் அந்த உடைப்புக்கு அர்த்தமே இல்லை, 5 = 5 × 1 என்று எழுதுவதால் 5 பகு எண் ஆகிவிடாது. சிறிய காரணி எக்ஸ்² − 2எக்ஸ் + 2, அதை (எக்ஸ் − 1)² + 1 என்று எழுதினால் அது 1 ஆவது எக்ஸ் 1ஆக இருக்கும்போது மட்டும்தான் என்று கண்ணுக்கே தெரிகிறது. ஆகவே விடை: எக்ஸ் = 1 மட்டும். இந்தக் கடைசி இரண்டு வரியை எழுதுகிறவருக்குத்தான் நான் முழு மதிப்பெண் கொடுப்பேன், மேலே உள்ள காரணிப்படுத்தல் எல்லாம் பாதிக் கணக்கு.

இன்னொரு படி. 4ஐ எடுத்துவிட்டு எக்ஸ்⁴ + 1 என்று வைத்தால்?

இதில் தடுமாறியவர் சாதாரண ஆள் இல்லை, லைப்னிட்ஸ். நுண்கணிதத்தைக் கண்டுபிடித்த இருவரில் ஒருவர். எக்ஸ்⁴ + ஏ⁴ போன்றதை மெய்யெண்களை வைத்து இருபடிக் காரணிகளாக உடைக்க முடியாது என்று 1702இல் எழுதினார். 1719இல் நிக்கோலஸ் பெர்னூலி அது உடையும் என்று காட்டினார், அதுவும் நாம் இப்போது செய்த அதே வித்தையில்.

[திரையில்: எக்ஸ்⁴ + 1 = (எக்ஸ்² + 1)² − 2எக்ஸ்² = (எக்ஸ்² + √2எக்ஸ் + 1)(எக்ஸ்² − √2எக்ஸ் + 1)]

இங்கே ஒரு சந்தேகம் வர வேண்டும், வரவில்லையென்றால் வரவழைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ் 2 என்றால் 2⁴ + 1 = 17, அது பகா எண். ஆனால் நம் சூத்திரம் உடைகிறது என்கிறதே? போட்டுப் பார்த்தால் (5 + 2√2)(5 − 2√2), அதாவது 25 − 8, சரியாக 17. தப்பில்லை. காரணிகள் முழு எண்களே இல்லை, அவ்வளவுதான், அதனால் 17 பகா எண்ணாகவே இருக்கிறது. "காரணிப்படுத்த முடியுமா" என்று கேட்டால், எந்த எண்களை அனுமதிக்கிறீர்கள் என்று நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டும். நம் தேர்வுத் தாள்களில் இதை யாரும் குறிப்பிடுவதில்லை, எனக்கு அதில் வருத்தம்தான்.

பழைய கதையாகவே இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரு செய்தி. இணையப் பாதுகாப்பில் செய்தியை ரகசியமாகப் பூட்டப் பயன்படும் ஆர்எஸ்ஏ சாவி என்ற எண் இரண்டு பெரிய பகா எண்களின் பெருக்கல், அதை உடைக்க முடியாது என்பதுதான் பாதுகாப்பே. ஆனால் அந்த இரண்டு எண்களும் ஒன்றுக்கொன்று மிகப் பக்கத்தில் இருந்துவிட்டால் ஃபெர்மாவின் முறை சில முயற்சிகளிலேயே உடைத்துவிடும். 2022இல் சில அலுவலக பிரின்டர்கள் உருவாக்கிய சாவிகள் இப்படியே உடைந்தன. பகா எண்கள் தள்ளித் தள்ளி இருந்தால் இந்த முறை படு மந்தம், அதையும் சொல்லிவிட வேண்டும்.

உங்களுக்கு இரண்டு கணக்கு. முதலாவது, எக்ஸ்⁴ + எக்ஸ்² + 1. இதை உடைத்துவிட்டு எக்ஸ் 10 போடுங்கள், 10101 எப்படிப் பிரிகிறது என்று தெரியும். பிறகு பத்தடிமானத்தை விட்டுவிட்டு எந்த அடிமானத்தில் 10101 என்று எழுதினாலும் அது பகு எண்தான் என்று நிரூபியுங்கள், ஈரடிமானத்தில் தொடங்கினால் 21 வரும்.

[திரையில்: 545⁴ + 4⁵⁴⁵]

இரண்டாவது இது. 329 இலக்கம் உள்ள எண், பகா எண்ணா இல்லையா? எந்தக் கால்குலேட்டரும் வேண்டாம், 545ஐ 4ஆல் வகுத்தால் மீதி எவ்வளவு என்பதை மட்டும் முதலில் பாருங்கள். விடையை வழியோடு கமெண்டில் எழுதுங்கள், வெறும் "பகு எண்" என்று மட்டும் எழுதினால் ஏற்றுக்கொள்ள மாட்டேன்.