‘நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க’ என்று அப்பா சொன்னால் என்ன செய்வது?

வணக்கம். பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு சகோதரி அனுப்பிய கேள்வியை இன்று எடுத்துக்கொள்கிறேன். கொஞ்சம் சுருக்கிப் படிக்கிறேன். “அப்பாவுக்கு 71 வயது. படிப்பு இல்லை, கையெழுத்து மட்டும் போடுவார். சுகரும் பிரஷரும் இருக்கிறது. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது, ஆபரேஷன் செய்தால்தான் சரியாகும் என்று ஒரு தனியார் மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். டாக்டர் எதைச் சொன்னாலும் அப்பா தலையாட்டுகிறார். வீட்டுக்கு வந்து கேட்டால், ‘எனக்கு என்னா தெரியும், நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க’ என்கிறார். அண்ணன்கள் தேதி குறித்துவிடலாம் என்கிறார்கள். அவருக்குப் புரியவைப்பது எப்படி? புரியவைக்கத்தான் வேண்டுமா?”

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு முடிவெடுக்கத் தெரியாது என்று நாம் எப்படியோ நினைத்துக்கொள்கிறோம். எந்தக் காட்டில் நெல்லு வைப்பது, எந்தக் காட்டில் கேழ்வரகு விதைப்பது, மாட்டை எப்போது விற்பது என்று ஐம்பது வருடமாக முடிவெடுத்தவர் உங்கள் அப்பா. தன் காலைப் பற்றி அவரால் முடிவெடுக்க முடியும். விஷயத்தை அவருக்குத் தெரிந்த பேச்சில் யாராவது சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

நான் 30 வருடத்துக்கு மேல் தருமபுரி மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்தாளுநராக இருந்தவன். மாத்திரை கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் நின்றே வயசாகிவிட்டது. அந்த ஜன்னலில் தினமும் நான் பார்த்தது இந்தத் தலையாட்டலைத்தான். “காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, புரிஞ்சுதா?” என்றால் “சரிங்க சார்” என்பார்கள். பின்னால் நாற்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள், பஸ்ஸுக்கு நேரமாகிறது, திரும்பக் கேட்டால் சார் கோபித்துக்கொள்வாரோ என்கிற பயம் வேறு. அந்தச் ‘சரிங்க’ மரியாதைக்குச் சொல்வது. புரிந்தது என்று அதற்கு அர்த்தமே கிடையாது. இது எனக்கு உறைக்கவே ரொம்ப வருடம் ஆயிற்று.

ஒரு அம்மாவைச் சொல்கிறேன். அறுபது தாண்டியவர், களை எடுக்கப் போகிறவர். சுகருக்கு கிளிமிபிரைடு மாத்திரை, காலை சாப்பாட்டுக்கு முன் ஒன்று. ஒழுங்காக மாதாமாதம் வந்து வாங்கிக்கொண்டு போவார். ஆனால் காட்டில் கை காலெல்லாம் நடுங்கி, வியர்த்து, கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது, பித்தம் ஏறிவிட்டது என்று எலுமிச்சம்பழம் வாங்கித் தலையில் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு நாள் கூட்டம் குறைவு. உட்காரவைத்துக் கேட்டேன்: “மாத்திரை எப்பம்மா போடுற?” “கோழி கூப்புட எந்திரிச்சதும் போட்டுடுவேன் சார், அஞ்சு மணிக்கு.” “சாப்பாடு?” “காட்டுல பத்து மணிக்கு மேல களி வரும்.”

விஷயம் அங்கேதான் இருந்தது. அந்த மாத்திரை சர்க்கரையை இறக்குகிற மாத்திரை. போட்டால் கால் மணி, அரை மணிக்குள் சாப்பாடு உள்ளே போக வேண்டும். இந்த அம்மா ஐந்து மணி நேரம் வெறும் வயிற்றோடு வெயிலில் குனிந்து வேலை செய்திருக்கிறார். சர்க்கரை தாழ்ந்துபோகாமல் என்ன செய்யும்? நாங்கள் ‘காலை’ என்றபோது எங்கள் மனதில் எட்டு மணி இட்லி இருந்தது. அவருக்குக் காலை என்றால் ஐந்து மணி. டாக்டரிடம் சொல்லி, மாத்திரையைக் களித் தூக்குப் போசியோடு கட்டி எடுத்துப்போகச் சொன்னோம். “களி தட்டுல விழுந்ததும் மாத்திரை வாயில விழணும்” என்று அவரே சொல்லிப் பார்த்துக்கொண்டார். அந்த நடுக்கம் நின்றுவிட்டது. இப்படி நடுக்கமும் வியர்வையும் வந்தால் உடனே சர்க்கரையோ வெல்லமோ கரைத்துக் குடித்துவிட்டு, பிறகு சாப்பிட வேண்டும் என்பதையும் அன்றைக்குத்தான் அவருக்குச் சொன்னோம். எத்தனை மாதம் முன்பே சொல்லியிருக்கலாம். அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

சரி, உங்கள் அப்பாவிடம் வருவோம். அவர் டாக்டரிடமிருந்து என்ன புரிந்துகொண்டார் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். “புரிஞ்சுதாப்பா?” என்று கேட்காதீர்கள், ‘ம்’ என்பார். “பக்கத்துக் காட்டு மாமா வந்து டாக்டரு என்னா சொன்னாருன்னு கேட்டா, நீங்க என்னான்னு சொல்லுவீங்க?” என்று கேளுங்கள். அப்போது அவர் வாயால் வரும். வருவது உங்களைத் தூக்கிவாரிப் போடலாம், தயாராக இருங்கள்.

என் சொந்த அனுபவம் அது. அம்மாவுக்குக் கண்புரை. ஆபரேஷனுக்கு அண்ணன் தம்பி நாங்களே தேதி குறித்தோம். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை, சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம். புறப்படுகிற அன்று காலையில் திண்ணையை விட்டு எழவே மாட்டேன் என்றார். ஆடு குட்டி போடுகிற நேரம், யார் பார்ப்பது என்றார். அது ஒரு சாக்கு. என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டபிறகுதான் உண்மை வந்தது. “கண்ணைத் தோண்டி எடுத்துக் கழுவித் திரும்ப வைப்பாங்களாமே, திரும்ப ஒட்டலைன்னா?” ஒரு வருடமாக இந்தப் பயத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு ராத்திரி தூங்கியிருக்கிறார். வீட்டில் மருந்தாளுநர் மகன் இருக்கிறேன். நான் கேட்கவே இல்லை.

“கண்ணை எடுக்கறதே இல்லம்மா. கண்ணுக்குள்ள கண்ணாடி மாதிரி ஒண்ணு இருக்கு, அது லாந்தர் கண்ணாடியில புகை புடிச்ச மாதிரி ஆயிடுச்சு. அதை எடுத்துட்டு புதுசு வைக்கறாங்க” என்று சொன்னேன். லாந்தர் என்றதும் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்விகள் எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. எத்தனை நாள் அடுப்பு ஊதக் கூடாது? குனிந்து சாணி அள்ளலாமா? தலைக்கு எப்போது ஊற்றலாம்? டாக்டரிடம் நாங்கள் யாருமே கேட்காத கேள்விகள். ஆடு குட்டி போட்டு பதினைந்து நாள் கழித்து அவரே தேதி சொன்னார், அவரே பஸ் ஏறினார்.

இப்போது முழங்கால். முதலில் ஒன்று மனதில் வையுங்கள்: இது நெஞ்சுவலி மாதிரி, வாதம் அடித்த மாதிரி மணி பார்த்து ஓட வேண்டிய விஷயம் கிடையாது. அந்த மாதிரி வந்தால் யோசனையே வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். முழங்கால் மாற்று ஆபரேஷனுக்கு நிதானம் உண்டு. எக்ஸ்ரேயையும் எல்லாச் சீட்டையும் எடுத்துக்கொண்டு தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் எலும்பு டாக்டரிடம் இன்னொரு முறை கேட்பதில் எந்தத் தப்பும் இல்லை, முதல் டாக்டருக்கு அவமரியாதையும் இல்லை.

அப்பாவுக்கு எப்படிச் சொல்வது? தேய்ந்த எலும்பு முனையைச் சீவிவிட்டு உலோகத்தில் ஒரு தொப்பி போடுவார்கள், நடுவில் கெட்டியான பிளாஸ்டிக் வைப்பார்கள். ஏர்க் கொழு தேய்ந்தால் மாற்றுகிறோமே, அது மாதிரி. வலி நன்றாகக் குறையும், நடக்கலாம். ஆனால் ஆபரேஷனோடு முடியாது. அதற்குப் பிறகு வாரக்கணக்கில் காலை மடக்கி நீட்டுகிற பயிற்சி செய்தாக வேண்டும், அது வலிக்கும். புண்ணில் சீழ் பிடிப்பது, காலில் ரத்தம் கட்டுவது போன்ற ஆபத்து கொஞ்சம் பேருக்கு வரும். சுகர் கட்டுக்குள் இல்லாவிட்டால் சீழ் பிடிக்கிற ஆபத்து கூடும், அதனால் முதலில் மூன்று மாத சராசரி சர்க்கரை டெஸ்ட் எடுத்துப் பார்ப்பார்கள்.

அப்புறம், யாரும் சொல்லாமல் விட்டுவிடுகிற ஒன்று. பெரும்பாலும் அதற்குப் பிறகு குந்தி உட்காரக் கூடாது, தரையில் சம்மணம் போடக் கூடாது என்பார்கள். நகரத்தில் நாற்காலியில் இருப்பவருக்கு இது பெரிய விஷயமில்லை. உங்கள் அப்பா குந்தி உட்கார்ந்து பால் கறக்கிறவராக இருந்தால்? வீட்டில் இருப்பது தரையோடு பதித்த கழிப்பறையாக இருந்தால்? இதெல்லாம் தெரிந்தபிறகும் “வலி போனா போதும், பாலை நீங்க கறங்க” என்று அவர் சொல்லலாம். “இன்னும் ரெண்டு வருசம் தள்ளிப் பாப்போம், கைத்தடி வாங்கிக் குடு” என்றும் சொல்லலாம். இரண்டுமே முடிவுதான். ஆபரேஷன் வேண்டாம் என்றால் பிசியோதெரபி, எடை குறைப்பது, தொடை தசைக்குப் பயிற்சி என்று வழி இருக்கிறது.

நம் ஊருக்கென்று ஒரு சேதி சேர்க்க வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பாறைத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். வருடக்கணக்கில் போர்த் தண்ணீர் குடித்தவர்களுக்கு முதுகும் கழுத்தும் மூட்டும் இறுகிப்போகும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை 2013-ல் கொண்டுவந்ததே இதற்காகத்தான். அப்பாவுக்கு முழங்காலோடு கழுத்து, இடுப்பும் திருப்ப முடியாமல் இருந்தால், எந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்தார் என்பதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். போகாது. தண்ணீர் சுண்டுவதால் இன்னும் கூடத்தான் செய்யும்.

வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்குகிற மாத்திரை எனக்கு ரொம்பக் கவலை தருகிறது. “மூட்டுவலி செட்டு ஒண்ணு குடு” என்று வாங்கிப் போடுவார்கள். டைக்ளோஃபினாக் போன்றவை பிரஷரை ஏற்றும், பிரஷர் மாத்திரை போடுகிற வயசானவர்களின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அட்டையின் பின்னால் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் போடக் கூடாத மாத்திரை என்று அர்த்தம். படிக்கத் தெரியாதவருக்கும் சிவப்புக் கோடு தெரியும். அப்பாவுக்கு இன்றே காட்டிக்கொடுங்கள்.

கையெழுத்து விஷயம். அண்ணன்கள் போட்டால் போதாதா என்றால், அப்பா நினைவோடும் தெளிவோடும் இருக்கிறவரை போதாது. 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு பெண்ணின் வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பரிசோதனைக்கு என்று மயக்க மருந்து கொடுத்துவிட்டு, அவர் மயக்கத்தில் இருக்கும்போது தாயிடம் சம்மதம் வாங்கிப் பெரிய ஆபரேஷனைச் செய்துவிட்டார்கள். அந்தச் சம்மதம் செல்லாது, என்ன செய்யப்போகிறார்கள், வேறு வழி என்ன, ஆபத்து என்ன என்று நோயாளிக்கே சொல்லி அவரிடமே வாங்க வேண்டும் என்றது நீதிமன்றம். ஆங்கிலத்தில் அச்சடித்த தாளை நீட்டினால், “தமிழ்ல ஒரு தடவ படிச்சுச் சொல்லுங்க” என்று கேட்பது அப்பாவின் உரிமை. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர் என்றால் அந்தப் பேச்சில் சொல்ல ஆள் கேளுங்கள்.

செலவும் அவருக்குத் தெரிய வேண்டும், மறைக்காதீர்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு. இந்த ஆபரேஷன் எந்த மருத்துவமனையில் அதில் வரும் என்று முன்கூட்டியே கேளுங்கள். பணம் கட்டிச் செய்வதானால், முழங்காலில் வைக்கும் உறுப்பின் விலைக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது, அதற்குத் தனி பில் வாங்குங்கள். சந்தேகம் வந்தால் 104-க்கு போன் போட்டுத் தமிழிலேயே கேட்கலாம். மக்களைத் தேடி மருத்துவம், அதை 2021 ஆகஸ்டில் தொடங்கியதே நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரும் அந்தப் பெண்ணிடம் அப்பா தயங்காமல் பேசுவார், நம் ஊர்ப் பெண்தானே. பிசியோதெரபிக்கும் அவர் மூலமே சொல்லிவைக்கலாம்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, எல்லா மாத்திரையையும், கடையில் வாங்கியது, நாட்டு மருந்து உட்பட, ஒரே மஞ்சப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். டாக்டருக்குப் பக்கத்து ஸ்டூலில் அப்பாவை உட்காரவையுங்கள், நீங்கள் பின்னால் நில்லுங்கள். முந்தின ராத்திரியே அவரிடம், “நாளைக்கு நீங்க டாக்டரை என்னா கேக்கப் போறீங்க?” என்று கேட்டுவையுங்கள். ஒன்றே ஒன்று போதும். பால் கறக்க முடியுமா என்பதாகவும் இருக்கலாம், மாரியம்மன் பண்டிகைக்குள் நடப்பேனா என்பதாகவும் இருக்கலாம். உள்ளே போனதும் அவர் மறந்துவிட்டால், “அப்பா ஒண்ணு கேக்கணும்னாரு” என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். கேள்வியை அவர் கேட்கட்டும். கொஞ்ச நேரம் அமைதியாக இருக்கும், பரவாயில்லை, காத்திருங்கள்.