அம்மம்மா மெழுகின நிலம்

நேயர்களுக்கு வணக்கம்.

இந்த நேரத்தில் உங்களில் பலர் குசினியில் நிற்பீர்கள், அடுப்பில் ஏதாவது கொதித்துக்கொண்டிருக்கும். காலுக்குக் கீழே இருக்கிற நிலத்தை ஒருக்கால் பாருங்கள். அந்த நிலத்தைப் பற்றித்தான் இன்று கதைக்க வந்திருக்கிறேன்.

நான் முப்பது வருடம் வரலாறு படிப்பித்தவன். பழைய இடமொன்றைத் தோண்டிய கதையைத் தொடங்கினால், பிள்ளைகள் முதலில் கேட்பது "சேர், தங்கம் கிடைச்சதா?" என்றுதான். எழுத்து இல்லாத காலத்து மனிதர் எப்படிக் கூடி வாழ்ந்தார்கள் என்பதை அறிய, தங்கத்தைவிட அடுப்புச் சாம்பலும், தின்று எறிந்த எலும்பும், மெழுகின நிலமும் கூடுதலாக உதவும். கல்வெட்டில் அரசன் சொல்ல விரும்பியது மட்டுமே இருக்கும். குப்பையை ஆரும் மற்றவருக்குக் காட்டவென்று கொட்டுவதில்லை.

தென்மராட்சியில் என் அம்மம்மாவின் வீடு மண்வீடு. வெள்ளிக்கிழமை வந்தால், சாணமும் மண்ணும் குழைத்து, உள்மூலையில் தொடங்கி வாசல்வரை பின்னுக்குப் பின்னுக்கு வந்து மெழுகுவா. விரல் அடையாளம் வளைவு வளைவாகப் பதிந்திருக்கும். காயுமட்டும் நாங்கள் வேப்பமரத்தடியில் காவல். ஒருநாள் சுவரோரம் பெயர்ந்து விழுந்த துண்டொன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கொப்பித் தாள்போல அடுக்கடுக்காக இருந்தது. அம்மம்மாவின் எத்தனை வெள்ளிக்கிழமைகள் அதில் இருந்தனவோ!

பிறகு, துருக்கியில் கோன்யா சமவெளியில் உள்ள சட்டல்ஹூயுக் பற்றி வாசித்தபோது அந்தத் துண்டுதான் நினைவுக்கு வந்தது. அது 9000 வருடங்களுக்கு முந்திய ஊர். 1961இல் முதலில் தோண்டினார்கள். 1993 முதல் இயன் ஹொடர் என்ற ஆய்வாளரின் குழு 25 வருடம் அங்கே வேலை செய்தது. அந்த ஊரில் வீதியே இல்லை. வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும். கூரை வழியாக ஏணியில்தான் உள்ளே இறங்க வேண்டும், புகை போகவும் அதே வாசல்தான். சுவருக்கும் நிலத்துக்கும் வெள்ளைக் களிமண் பூசினார்கள். அந்தப் பூச்சை வெட்டி நுணுக்குக்காட்டியில் வைத்தால் ஒரு பூச்சு, அதன்மேல் மெல்லிய கரி, பிறகும் பூச்சு, பிறகும் கரி என்று தெரிகிறது. சில சுவர்களில் நூற்றுக்கும் மேற்பட்ட பூச்சுகள். குளிர்காலமெல்லாம் உள்ளே அடுப்பு எரிந்து கரி படியும், அப்புறம் ஆரோ ஒருவர் களிமண்ணைக் குழைத்துத் திரும்பப் பூசுவார். அந்தக் கை என் அம்மம்மாவின் கைதான் என்று எனக்குத் தோன்றும்.

புகை சுவரோடு நிற்கவில்லை. வயதானவர்களின் விலா எலும்பின் உட்பக்கத்திலும் கரி படிந்திருந்தது. அதுவும் ஆண், பெண் என்ற பெரிய வேறுபாடு இல்லாமல். இருவரும் அடுப்படியில் ஏறக்குறைய ஒரே அளவு நேரம் இருந்திருக்கிறார்கள், சாப்பாடும் பெரும்பாலும் ஒரே மாதிரி. தலைவனின் வீடு இதுதான் என்று சொல்ல ஒரு மாளிகைகூட அங்கே இல்லை.

இறந்தவர்களை வீட்டுக்குள்ளேயே, படுக்கும் திண்ணைக்குக் கீழே புதைத்து, மேலே பூசிவிட்டுத் தொடர்ந்து வாழ்ந்தார்கள். ஒரே திண்ணைக்குக் கீழே கிடந்தவர்களின் பற்களை ஒப்பிட்டபோது, பலர் நெருங்கிய இரத்த உறவில்லை என்று தெரிந்தது. இதைக் கேட்டு எங்கள் ஆட்கள் அதிசயப்பட மாட்டார்கள். 1995இல் போரால் வந்த இடப்பெயர்வில் அதே அம்மம்மா வீட்டில் நாலு குடும்பம் இருந்தது. இரண்டு குடும்பத்தை முன்பின் தெரியாது. ஒரே உலை, ஒரே சட்டி. "இவை ஆர் உங்களுக்கு?" என்று கேட்டவர்களுக்கு அம்மம்மா "எங்கட ஆக்கள்" என்றுதான் சொன்னா. வீடு என்பது இரத்தத்தால் மட்டும் ஆவதில்லை என்பதை 9000 வருடத்துக்கு முந்திய ஒரு நிலம் காட்டுகிறது. நிலம்தான், நேயர்களே, தங்கம் இல்லை.

இன்னும் பழைய நிலங்களும் உண்டு. 1989இல் இஸ்ரேலின் கலிலேயா ஏரியில் நீர் வற்றியபோது, 23,000 வருடங்களுக்கு முந்திய குடிசைகள் வெளியே தெரிந்தன. ஒரு குடிசையில் அடுப்பைச் சுற்றி, படுக்கப் பரப்பிய புல் அப்படியே இருந்தது. ஈராக்கின் ஷானிடார் குகையில் 1957இல் கிடைத்த, நியண்டர்தால் என்ற அழிந்துபோன பழைய மனித இனத்தைச் சேர்ந்த ஒருவரின் ஒரு கை சூம்பியிருந்தது, ஒரு கண்ணில் பார்வையும் போயிருக்க வேண்டும். அந்தக் காயங்கள் ஆறி, அதன்பிறகும் பல வருடம் வாழ்ந்திருக்கிறார். வேட்டையாட முடியாத ஒருவருக்குச் சாப்பாடு கொடுத்தது ஆர்? அந்த எலும்பே பதில் சொல்கிறது.

எங்கள் தீவிலும், களுத்துறைப் பக்கம் பாகியன் குகையில், ஏறக்குறைய 48,000 வருடங்களுக்கு முந்திய எலும்பு அம்புமுனைகள் கிடைத்தன. காட்டுக்குள் குரங்கும் அணிலும் வேட்டையாடிய அந்த மனிதர்களிடம் கடற்சிப்பியில் செய்த மணியும் இருந்தது. கடற்கரையோடு அவர்களுக்குப் போக்குவரத்து இருந்திருக்கிறது.

யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையைப் பற்றி ஆறுதலாகச் சொல்ல நினைத்திருந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார். சரி, சுருக்கமாகச் சொல்கிறேன். 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் அங்கே தோண்டியபோது, பெருங்கற்காலப் புதைகுழியில் எலும்புக்கூட்டோடு ஒரு முத்திரை கிடைத்தது. மேலே குறியீடுகள், கீழே பிராமி எழுத்தில் ஒரு பெயர். எழுத்தில்லாத காலம் எழுத்துக் காலத்தைத் தொடுகிற இடம் அது. யாழ்ப்பாணத்துக் கந்தரோடையில் 1970இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் தோண்டியபோது கறுப்பு-சிவப்பு மட்பாண்டம் வந்தது. உள்ளும் விளிம்பும் கறுப்பு, வெளியே சிவப்பு. கவிழ்த்து வைத்துச் சுட்டதால் உள்ளே காற்றுப் போகவில்லை, அதனால்தான் அந்த நிறம்.

அப்படி ஒரு மட்பாண்ட ஓடு உங்கள் வளவில் கிணறு வெட்டும்போதோ அத்திவாரம் போடும்போதோ வந்தால், தயவுசெய்து வேலியோரம் எறியாதீர்கள். எத்தனை அடி ஆழத்தில், எதோடு கிடந்தது என்று ஒரு கடதாசியில் எழுதுங்கள். பக்கத்தில் எலும்போ சாம்பலோ தெரிந்தால் மண்வெட்டியை நிறுத்திவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குச் சொல்லி அனுப்புங்கள். ஓட்டைக் கழுவ வேண்டாம், உள்ளே ஒட்டியிருக்கிற கரியும் எங்களுக்கு வேண்டும்.

வணக்கம்.