முத்தோரை ஆன்டெனா சந்திரயானோட பேசுதா?

அடுத்த கேள்வி. ஊட்டி பக்கத்துல நஞ்சநாட்டுல இருந்து பிளஸ் ஒன் படிக்கிற ஒரு தம்பி கேட்டிருக்கார். "முத்தோரை சரிவுல பெரிய ஆன்டெனா ஒண்ணு இருக்கே, சந்திரயானோட பேசறது அதுதான்னு ஊர்ல சொல்றாங்க. நெஜமா சார்? அவ்வளவு தூரத்துல இருக்கற கலத்தோட எப்படிப் பேசறாங்க? பதில் வர எவ்வளவு நேரம் ஆகும்?"

இல்ல தம்பி, அது பேசாது. கேக்க மட்டும்தான் செய்யும். வானியல் விஞ்ஞானி கோவிந்த் ஸ்வரூப் தலைமையில கட்டின ரேடியோ தொலைநோக்கி அது, வானத்துல இருந்து வர்ற ரேடியோ அலையைப் பிடிக்கற கருவி, 1970ல இருந்து வேலை செய்யுது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். ஏன் மலைச்சரிவுல வெச்சாங்க? ஊட்டி இருக்கறது ஏறக்குறைய 11 டிகிரி அட்சரேகைல. அதே 11 டிகிரி சாய்வுல, வடக்கு தெற்கா இறங்கற சரிவைத் தேடிப் பிடிச்சாங்க. அதனால தொலைநோக்கியோட அச்சு பூமியோட அச்சுக்கு இணையா அமைஞ்சிடுச்சு. அந்த ஒரே அச்சுல மெதுவா திருப்பிக்கிட்டே வந்தா, வானத்துல ஒரு பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல விடாம பின்தொடரலாம். நம்ம மலையையே கருவியோட ஒரு பாகமா ஆக்கிட்டாங்க. இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

அது கேக்கற அலைவரிசை 326.5 மெகாஹெர்ட்ஸ். தூரத்துக் கலங்கள் பெரும்பாலும் பேசறது 2,000 மெகாஹெர்ட்ஸுக்கு மேல, 8,400 பக்கம். ஆனாலும் ஒரு உறவு இருக்கு. சூரியன்ல இருந்து எல்லாப் பக்கமும் வீசற மின்துகள் ஓட்டத்தை சூரியக் காத்துன்னு சொல்வாங்க. அது ரேடியோ அலையை மினுக்கி நடுங்க வைக்கும். அந்த மினுக்கலை ஊட்டில பல வருஷமா அளக்கறாங்க. கலங்களோட சிக்னலைக் குலைக்கறதும் அதே காத்துதான். 2015 ஜூன்ல செவ்வாய் சூரியனுக்குப் பின்பக்கம் போனப்போ, மங்கள்யானோட தொடர்பு கொஞ்ச நாள் நின்னே போச்சு.

சரி, சந்திரயானோட பேசறது யாரு? பெங்களூர் பக்கத்துல பைலாலுன்னு ஒரு ஊர். சந்திரயான்-1க்காக 2008ல இஸ்ரோ அங்க 18 மீட்டர், 32 மீட்டர் டிஷ் ஆன்டெனா ரெண்டு வெச்சாங்க. இங்கிருந்து கட்டளை அனுப்பறது அவ்வளவு கஷ்டமில்ல. கரண்ட் நம்ம கையில இருக்கு, கிலோவாட் கணக்குல கொடுக்கலாம். பெரிய டிஷ் அந்த அலையைச் சிதறவிடாம ஒரே திசையில குவிச்சு அனுப்பும்.

கஷ்டமெல்லாம் அங்கிருந்து வர்றதைக் கேக்கறதுலதான். 1977ல கிளம்பின நாசாவோட விண்கலம் வாயேஜர்-1 இப்போ 2,500 கோடி கிலோமீட்டர் தூரத்துல இருக்கு. அதோட டிரான்ஸ்மிட்டர் 23 வாட் அளவுதான், வீட்டுல ரெண்டு மூணு எல்.ஈ.டி. பல்புக்கு ஆகற கரண்ட். பூமிக்கு வந்து சேரறதுக்குள்ள அது பரவிப் பரவி நீர்த்துப் போயிடும். 70 மீட்டர் டிஷ் வெச்சுப் பிடிச்சாலும் கிடைக்கறது எவ்வளவு தெரியுமா? ஒரு வாட்டை நூறு கோடியால வகுங்க. வந்ததை மறுபடியும் நூறு கோடியால வகுங்க. அதுக்கும் கீழ!

அவ்வளவு சின்னதைப் பெருக்கணும்னா, பெருக்கற ஆம்ப்ளிஃபையரே இரைச்சல் போடக்கூடாது. சூடா இருக்கற எந்தப் பொருளும் ரேடியோ இரைச்சல் போடும். அதனால அதை மைனஸ் 260 டிகிரி பக்கம் வரைக்கும் குளிர வைக்கறாங்க. கலமும் நிதானமா பேசும், நொடிக்கு 160 பிட்தான் வழக்கம். ஒவ்வொரு பிட்டுக்கும் நேரம் கூடக் கிடைச்சா, இரைச்சல்ல இருந்து அதைப் பிரிச்சு எடுக்கறது சுலபம். கூடவே உபரி பிட்களும் சேத்து வரும். வழியில ஒண்ணு ரெண்டு கெட்டுப்போனாலும் அதை வெச்சு இங்கேயே சரி பண்ணிடலாம்.

பூமி சுத்திக்கிட்டே இருக்கே, கலம் மறைஞ்சிடாதா? மறையும். அதுக்காகத்தான் நாசா கலிஃபோர்னியாவுல கோல்ட்ஸ்டோன், ஸ்பெயின்ல மாட்ரிட், ஆஸ்திரேலியாவுல கான்பெரான்னு உலகத்தை மூணு பங்கா பிரிச்சு நிலையம் வெச்சிருக்கு.

இப்போ நேரக் கணக்கு. சிக்னல் ஒரு வழி போய்ச் சேர நிலாவுக்கு ஒண்ணே கால் நொடி. பதில் வர அதுல ரெண்டு மடங்கு. செவ்வாய்க்கு, அது இருக்கற இடத்தைப் பொறுத்து, மூணு நிமிஷத்துல இருந்து இருபது நிமிஷத்துக்கு மேலயும் ஆகும். அதனாலதான் 2014 செப்டம்பர் 24ல மங்கள்யான் செவ்வாயைச் சுத்த ஆரம்பிச்சப்போ, கட்டளை எல்லாத்தையும் முன்கூட்டியே அதுல ஏத்தி வெச்சிருந்தாங்க. அந்த நேரத்துல இங்கிருந்து திருத்த முடியாது.

வாயேஜர்-1ஓட ஜோடிக் கலமான வாயேஜர்-2க்கு 2023 ஜூலைல என்னாச்சுன்னா, தவறுதலா போன ஒரு கட்டளையால அதோட ஆன்டெனா பூமியில இருந்து ரெண்டே ரெண்டு டிகிரி திரும்பிடுச்சு. அவ்வளவுதான், தொடர்பு அறுந்துபோச்சு. அது தெற்கு வானத்துல இருக்கறதால கான்பெராவுல இருந்துதான் கூப்பிட முடியும். அங்க இருக்கற 70 மீட்டர் டிஷ்ல இருந்து, இருக்கறதுலயே சக்தி வாய்ந்த டிரான்ஸ்மிட்டரைப் போட்டு "பூமிப் பக்கம் திரும்பு"ன்னு கட்டளை அனுப்பினாங்க. போக பதினெட்டரை மணி நேரம், வர பதினெட்டரை மணி நேரம். 37 மணி நேரம் காத்திருந்தாங்க. ஆகஸ்ட் 4ஆம் தேதி தகவல் வர ஆரம்பிச்சது.