ஒரு வீடு, ஏழு அடுப்பு

நேயர்களுக்கு வணக்கம். 'ஜனநாயக நாடுகளில் அரசியல் பிளவும் தேசிய அடையாளமும்' என்று தலைப்பைக் கொடுத்துப் பேசச் சொன்னார்கள். முப்பது வருடம் கல்லூரியில் அரசியல் பாடம் நடத்தியவன்தான், ஆனால் வகுப்பில் பையன்கள் எழுந்து போக முடியாது, நீங்கள் நிலையத்தை மாற்றிவிடலாம், அந்தப் பயம் எனக்கு இருக்கிறது. அதனால் எனக்கு நன்றாகத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்குகிறேன். தேவகோட்டைப் பக்கத்தில் இருக்கிற எங்கள் பூர்வீக வீடு.

பர்மாத் தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் தரை, முகப்பில் நின்று பார்த்தால் பின்கட்டு வாசல் வரைக்கும் ஒரே நேராகத் தெரியும். சினிமாக்காரர்கள் படம் எடுக்கத் தேடி வருவார்களே, அந்த மாதிரி வீடு. இன்றைக்கு அதில் ஏழு பங்கு. செட்டியார்களான எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு, 'வேறு வைக்கிறது' என்போம். பையனுக்குக் கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளில் நல்ல நாள் பார்த்து அவனுக்கும் அவன் பெண்டாட்டிக்கும் அதே வீட்டுக்குள்ளேயே தனி அடுப்பு, தனி அரிசி, தனிப் பருப்பு, தனிக் கணக்கு என்று ஒதுக்கிக் கொடுத்துவிடுவார்கள். அவர்கள் ஒரு புள்ளி. கோயில் வரியெல்லாம் புள்ளிக் கணக்கில்தான். வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால், "ஐயோ, குடும்பம் உடைஞ்சு போச்சா?" என்பார்கள். உடையக் கூடாது என்பதற்காகத்தானே அடுப்பைப் பிரித்தோம். என் ஆத்தா பெரியாத்தாவிடம் ஓர் ஆழாக்குச் சீனி கைமாற்று வாங்கினால், மறுநாள் அதே ஆழாக்கில் தலை தட்டித் திருப்பிக் கொடுப்பார்கள். சின்ன வயதில் எனக்கு அது மகா கஞ்சத்தனமாகப் பட்டது. ஆனால் அந்த இரண்டு பேரும் ஐம்பது வருடம் ஒரே வளவில், அதாவது ஒரே முற்றத்தைச் சுற்றி, இருந்தார்கள், பேச்சுவார்த்தை நின்று நான் பார்த்ததில்லை. வருடத்தில் ஒருநாள் முன்னோருக்குப் படைப்பு வரும். அன்றைக்கு எங்கள் வீட்டில் ஏழு அடுப்பும் அணைந்திருக்கும், இரண்டாங்கட்டில் ஒரே ஓர் அடுப்புதான் எரியும்.

அரசியலும் அந்த வீட்டில் தாராளமாக இருந்தது. 1942 ஆகஸ்டில் தேவகோட்டை நீதிமன்றத்தைக் கொளுத்தினார்கள், திருவாடானைச் சிறையை உடைத்தார்கள், கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தக் காலத்துக் கதர்க்காரர் எங்கள் பெரிய ஐயா. அவருடைய கூடப்பிறந்த தம்பி கறுப்புச் சட்டை. முகப்புத் திண்ணையின் இந்தக் கோடியில் ஒரு பத்திரிகை, அந்தக் கோடியில் ஒரு பத்திரிகை, நடுவில் வெற்றிலைப் பெட்டி மட்டும் பொது.

ஊரும் அப்படித்தான். சிராவயலில் ஆசிரமம் நடத்திய காந்தியவாதி ஜீவானந்தம்தான் பிறகு கம்யூனிஸ்ட் ஜீவா ஆனார். காரைக்குடியில் சா. கணேசன் 1939-ல் கம்பன் திருநாளைத் தொடங்கினார். நாலே வருடத்தில், 1943-ல், கம்பராமாயணத்தைக் கொளுத்த வேண்டும் என்று அண்ணா மேடை மேடையாக வாதம் செய்கிறார். இதைவிடப் பெரிய பகை ஒரு மொழிக்குள் வேறென்ன வேண்டும்? அதே கணேசன் காரைக்குடியில் தமிழ்த்தாய்க்கு ஒரு கோயில் எழுப்ப முனைந்தபோது 1975-ல் வந்து அடிக்கல் நாட்டியவர் அண்ணாவின் தம்பி, அன்றைய முதல்வர் கருணாநிதி. கம்பனில் ஒத்துவராதவர்கள் தமிழில் ஒத்துவந்தார்கள்.

வகுப்பில் இதைக் கரும்பலகையில் கோடு போட்டுத்தான் சொல்லுவேன். மனிதர்களைப் பிரிக்கிற கோடுகள் நிறைய இருக்கின்றன. கட்சி ஒரு கோடு, சாமி ஒரு கோடு, மொழி, தொழில், ஊர், சாதி, ஒவ்வொன்றும் ஒரு கோடு. இவை குறுக்கும் நெடுக்குமாக ஓடுகிற வரைக்கும் பெரிய ஆபத்து இல்லை, ஏனென்றால் கட்சியில் எனக்கு எதிரி கோயிலில் எனக்குப் பங்காளி, கோயிலில் வேறு ஆள் வியாபாரத்தில் கூட்டாளி, யாரையும் முழுசாக வெறுத்துத் தொலைக்க முடியாது. எல்லாக் கோடும் ஒன்றன் மேல் ஒன்றாக ஒரே இடத்தில் விழுந்தால்தான் வினை. அப்புறம் அது கோடாக இருக்காது, சுவராகிவிடும்.

அமெரிக்காவில் நடந்தது அதுதான் என்பது என் எண்ணம். வேடிக்கை என்னவென்றால், 1950-ல் அங்கே அரசியல் அறிஞர்களின் சங்கமே ஓர் அறிக்கை போட்டது, இரண்டு கட்சிக்கும் வித்தியாசமே தெரியவில்லை, ஜனங்கள் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பார்கள் என்று குறைபட்டுக்கொண்டு. கேட்டது கிடைத்துவிட்டது! அன்றைக்கு டெமாக்ரட் கட்சிக்குள்ளேயே கறுப்பர்களுக்கு உரிமை கேட்ட வடக்கத்தியாரும் இருந்தார்கள், அதை மூர்க்கமாக எதிர்த்த தெற்கத்தி வெள்ளைக்காரர்களும் இருந்தார்கள். 1964-ல் கறுப்பர்களுக்குச் சம உரிமை தரும் சட்டம் வந்த பிறகு தெற்கத்தி வெள்ளைக்காரர்கள் கொஞ்சம் கொஞ்சமாக ரிபப்ளிகன் பக்கம் போனார்கள். அடுத்தடுத்து நிறம், சர்ச்சுக்குப் போகிறவர் போகாதவர், பட்டணம் கிராமம், படிப்பு என்று ஒவ்வொரு கோடாக வந்து அந்த ஒரே கோட்டின் மேல் படுத்துக்கொண்டது.

இதை எதை வைத்து அளப்பது? கல்யாணத்தை வைத்துத்தான். 1960-ல் அங்கே ஒரு கேள்வி கேட்டார்கள்: உங்கள் பிள்ளை எதிர்க்கட்சிக்காரர் வீட்டில் சம்பந்தம் செய்தால் வருத்தப்படுவீர்களா? நூற்றுக்கு ஐந்து பேர் சுமாராக ஆமாம் என்றார்கள். 2010-ல் அதே மாதிரிக் கேள்விக்கு ரிபப்ளிகன்காரர்களில் ஏறக்குறையப் பாதிப் பேரும் டெமாக்ரட்காரர்களில் மூன்றில் ஒருவரும் வருத்தப்படுவோம் என்றார்கள். நாம் பெண் பார்க்கும்போது என்ன கேட்போம்? எந்தக் கோயில், எந்தப் பிரிவு, ஒரே கோயில் ஒரே பிரிவு என்றால் அண்ணன் தங்கை முறை, எடுக்க மாட்டோம். சாதி பார்ப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அதில் நமக்குப் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் மாப்பிள்ளை எந்தக் கட்சி என்று கேட்டுச் சம்பந்தத்தை முறித்தவர்களை நான் பார்த்ததில்லை. அங்கே கட்சியே சாதியாகிவிட்டது.

பெல்ஜியத்தில் இன்னும் ஒரு படி மேலே. அங்கே டச்சு பேசுகிறவர்களும் பிரெஞ்சு பேசுகிறவர்களும். லூவன் என்ற ஊரில் நூற்றாண்டுகள் பழைய பல்கலைக்கழகம், 1968-ல் மொழித் தகராறில் அதை இரண்டாக்க முடிவாயிற்று. நூலகத்தை எப்படிப் பிரித்தார்கள் தெரியுமா? அடுக்கு எண் ஒற்றைப்படையா, ஒரு பக்கத்துக்கு. இரட்டைப்படையா, மறுபக்கத்துக்கு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளில் பார்த்திருப்பீர்கள், ஒரே ஜோடியில் ஒற்றைக் குத்துவிளக்கு தனியாக நிற்கும். இன்னொன்று வேறு பங்காளி வீட்டில் இருக்கும், இல்லாவிட்டால் வேறு கண்டத்தில். அந்த நாட்டில் பெரிய கட்சிகளும் மொழிவாரியாக இரண்டிரண்டாக உடைந்தன, ஒருத்தர் மற்ற மொழிக்காரரிடம் போய் ஓட்டுக் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. 2010 தேர்தல் முடிந்து அரசாங்கம் அமைய 541 நாள் ஆனது.

சரி, இது பிளவு. தேசிய அடையாளம் என்கிறார்களே, அது வேறு சங்கதி, அதில் நாங்கள் அடி வாங்கியவர்கள். அடி கொடுத்தவர்களும்தான்.

எங்கள் ஐயா கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போனது பர்மாவுக்கு. ரங்கூன் மொகல் தெருவில் கிட்டங்கி, செட்டியார்கள் சேர்ந்து தங்கித் தொழில் பார்க்கிற கட்டடம், உள்ளே டெல்டாவில் வட்டிக்கடை. சின்ன வயதில் படைப்புக்குப் படைப்பு நான் கேட்ட கதை 1942 கதை. ஜப்பான்காரன் வந்தான், காட்டு வழியாக நடந்தே வந்தோம், வழியில் இத்தனை பேர் செத்தார்கள், பெட்டகத்தை அப்படியே போட்டுவிட்டு வந்தோம் என்று. அத்தனையும் உண்மை. ஆனால் வேலைக்குச் சேர்ந்து புத்தகங்களைப் புரட்டியபோதுதான் இன்னொரு கணக்கு எனக்குத் தெரிந்தது. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930 வாக்கில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு 6. உலகம் முழுக்க மந்தம் வந்தது, நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, அடமானம் வைத்த நிலம் எங்கள் கைக்கு வந்தது. 1938 வாக்கில் அது நூற்றுக்கு 25. செட்டியாருக்கு வேண்டியது ரொக்கம்தான், வயலை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள், அதுவும் உண்மைதான். நிலம் போன பர்மியக் குடியானவனுக்கு அதனால் என்ன? 1938-ல் இந்தியர்களுக்கு எதிராக ரங்கூனில் கலவரம். அப்புறம் சுதந்திரம், நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டம், 1960-களில் ராணுவ ஆட்சி வந்து மிச்சத்தையும் எடுத்துக்கொண்டது. எங்கள் வீட்டுக் கதையில் அந்த நடைப்பயணம் வருடாவருடம் வரும். 6 எப்படி 25 ஆனது என்பதை ஒரு வருடம்கூட யாரும் சொன்னதில்லை. பர்மாக்காரர்கள் பாடப்புத்தகத்தில் அந்த 25 இருக்கும், நடைப்பயணம் இருக்குமா என்பது சந்தேகம்தான். ஒவ்வொரு நாடும் தன்னை இன்னார் என்று சொல்லிக்கொள்வது இப்படிப் பாதிக் கதையை வைத்துத்தான்.

1982-ல் பர்மாவில் ஒரு குடியுரிமைச் சட்டம் போட்டார்கள். 1823-க்கு முன்பே அங்கே குடியிருந்த இனங்கள்தான் மண்ணின் மக்கள். 1824-ல் ஆங்கிலேயன் படையெடுத்தான் அல்லவா, அதற்கு முந்தின வருடத்தில் கோடு. சரி, அது ராணுவ ஆட்சி, ஜனநாயகக் கணக்கில் சேராது என்பீர்கள். இலங்கையைப் பாருங்கள். ஒழுங்காகத் தேர்தல் நடந்த நாடு. 1948-லும் 1949-லும் நாடாளுமன்றத்தில் கை தூக்கியே மலையகத் தமிழர்களின் குடியுரிமையையும் வாக்குரிமையையும் எடுத்துவிட்டார்கள். 1964-ல் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. தேயிலை மூட்டையைப் பங்கு போடுவதுபோல எண்ணிக்கை! அந்த ஐந்தே கால் லட்சத்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்தியாவைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லாதவர்களாக இருந்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

நம் கதை வேறு மாதிரி போனதற்குக் காரணம் நம் நல்ல மனசு இல்லை. திராவிட நாடு தனி நாடு என்று ஒரு கட்சி கேட்டது. 1962-ல் சீனப் போர், 1963-ல் பிரிவினை கேட்கிறவர் தேர்தலில் நிற்க முடியாதபடி அரசியல் சட்டத்தின் 16-ஆவது திருத்தம். தி.மு.க. கோரிக்கையைக் கைவிட்டது. இதோடு நிறுத்தினால் மிரட்டி அடக்கினார்கள் என்று ஆகிவிடும். மறுபாதி என்ன? 1967-ல் அதே கட்சி கோட்டைக்கு வந்தது, யாரும் தடுக்கவில்லை. 1969 பொங்கலுக்கு மாநிலத்தின் பெயரே தமிழ்நாடு ஆனது. தனி வீடு கேட்டவர்களுக்குத் தனி அடுப்பு கிடைத்தது, அவர்களும் அதை வாங்கிக்கொண்டு வளவிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். பையில் நூறு ரூபாய் நோட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள், பட்டையில் 15 மொழி, மேலிருந்து எண்ணினால் 13-ஆவது தமிழ், இந்தியும் ஆங்கிலமும் வெளியே பெரிய எழுத்தில். அதில் எனக்கு வருத்தம் உண்டு, ஆனாலும் நோட்டு செல்லும்.

வீட்டை ரொம்பவும் புகழ்ந்துவிட்டேனோ என்று ஒரு உறுத்தல். அந்த ஏழு பங்கில் என் அக்காள்மார் யாருக்கும் பங்கு கிடையாது. 1989-ல் தமிழ்நாட்டில் பெண்களுக்குச் சொத்துரிமைச் சட்டம் வந்தபோது அவர்களுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது, அன்றைய சட்டம் கல்யாணம் ஆகாதவர்களுக்குத்தான் இருந்தது. அந்தத் தேக்குத் தூணைத் தோள் கொடுத்து நிமிர்த்திய வேலையாட்களும் எந்தப் புள்ளியிலும் இல்லை.

இப்போது அந்த வீட்டின் நிலைமைக்கு வருகிறேன். பங்காளிகளுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருந்தது, 43 பேர். போன தேர்தல் சமயத்தில் சிங்கப்பூரில் இருக்கிற ஒரு பையன் எதையோ அனுப்பினான், சென்னையில் இருக்கிற ஒருவன் பதில் போட்டான், வரியைப் பற்றியோ விலைவாசியைப் பற்றியோ சண்டை வந்திருந்தால் பரவாயில்லை, நாலாவது மெசேஜிலேயே "நீயெல்லாம் இந்த நாட்டுக்காரனா?" என்று வந்துவிட்டது. பர்மாவிலிருந்து நடந்து வந்தவரின் பேரன், பர்மாவிலிருந்து நடந்து வந்தவரின் பேரனைக் கேட்கிறான். அன்று ராத்திரியே குரூப் இரண்டாயிற்று.

ஐப்பசி மழையில் வளவுக்கு மேல் ஓடு ஒழுக ஆரம்பித்தது. அந்தக் குரூப்பில் ஒரு கொத்தனாரின் எஸ்டிமேட்டைப் போட்டார்கள், அவர்கள் ஆள் என்பதால் எங்கள் குரூப்பில் வேண்டாம் என்றோம். நாங்கள் ஒன்று போட்டோம், அவர்கள் வேண்டாம் என்றார்கள். இரண்டு மழைக்காலம் போயிற்று. செட்டிநாட்டுச் சுண்ணாம்புப் பூச்சு, முட்டை வெள்ளைக் கருவெல்லாம் போட்டு இழைத்தது, ஓர் ஆள் அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. அதற்கும் இரண்டு குரூப்பிலும் தனித்தனியாகப் போட்டோ.

கடைசியில் பெரிய அண்ணமிண்டி, அண்ணன் மனைவியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், 84 வயது, போனே கிடையாது, பக்கத்துத் தெருக் கொத்தனாரைக் கூப்பிட்டுத் தன் கைக்காசைப் போட்டு வேலையை முடித்துவிட்டார்கள். 63,000 ரூபாய். பேரனை விட்டு ரசீதைப் படம் எடுத்து, ஏழால் வகுத்து, ஆளுக்கு 9,000 என்று எழுதி அனுப்பச் சொன்னார்கள். பேரன் அந்தக் குரூப்பில்தான் இருக்கிறான், அதனால் முதலில் அங்கே போட்டான். எங்களுக்கு மறுநாள்தான் வந்தது.

ஐந்து பேர் கட்டிவிட்டார்கள். கட்டாத இரண்டு பேரில் ஒருவன் இப்போது உங்களிடம் பேசிக்கொண்டிருக்கிறான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். வணக்கம்.