ஒரு தேங்காய் நாரும் ஒரு பழைய வேட்டியும்

(பெங்களூரு அல்சூரில், மழைக்காலத் தொடக்கத்தில் தமிழ்க் குடும்பங்கள் கூடிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை ஒருவர் பேசியது.)

எல்லாருக்கும் வணக்கம். வந்திருக்கிற பெரியவர்களுக்கும், சமையலைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிற அக்கா தங்கச்சிகளுக்கும், பின்னால் நிற்கிற தம்பிகளுக்கும் நன்றி. உட்கார இடம் இருக்கிறது, முன்னால் வாருங்கள்.

போன வருஷம் ஆகஸ்ட் மாதம் என் பேத்திக்கு டெங்கு வந்தது. ஏழு வயசு. ஐந்து நாள் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, தண்ணீர்கூட வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போய் ஆறாம் நாள்தான் ஏறத் தொடங்கின. அந்த ஐந்து நாளும் நான் மனசுக்குள் ஏரியைத் திட்டிக்கொண்டிருந்தேன். நம் எல்லாருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. சாயங்காலம் ஜன்னலைத் திறந்தால் கொசு. அல்சூர் ஏரி நாறுகிறது, அதிலிருந்துதான் வருகிறது என்று சொல்லி முடித்துவிடுவோம்.

காய்ச்சல் விட்டபிறகு ஒரு நாள் காலையில் வாசலில் கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். பக்கத்திலேயே பித்தளை உருளி. அதில் தினமும் செவ்வந்தி மிதக்கவிடுவேன். பூவை மட்டும் தினமும் மாற்றுவேன். தண்ணீர் குறைந்தால் மேலே கொஞ்சம் ஊற்றுவேன், அவ்வளவுதான். அன்றைக்கு என்னவோ தோன்றி, பூக்களை ஒதுக்கிவிட்டு செல்போன் டார்ச்சை அடித்தேன். மேலே தொங்கிக்கொண்டிருந்த இருபது முப்பது புழுக்கள் வெளிச்சம் பட்டதும் உடம்பை வளைத்து வளைத்துக் கீழே இறங்கின. கொஞ்ச நேரம் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சு வாங்க ஒவ்வொன்றாக மறுபடி மேலே வந்தன.

முப்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கொசுவின் வாழ்க்கைச் சுழற்சியைப் படம் வரைந்து சொல்லிக்கொடுத்தவள் நான். என் வாசலிலேயே அது நடந்துகொண்டிருந்தது. அதனால்தான் இன்றைக்கு உங்கள் முன்னால் நிற்கிறேன்.

ஏரி, சாக்கடை இதிலெல்லாம் பிறப்பது பெரும்பாலும் கியூலெக்ஸ் என்கிற கொசு. ராத்திரி காதோரம் வந்து பாடுமே, அதுதான். அது தொல்லை, யானைக்கால் நோயைப் பரப்பக்கூடியது. அதற்காக மாநகராட்சியைக் கேட்கத்தான் வேண்டும், கேளுங்கள். ஆனால் டெங்குவையும் சிக்குன்குனியாவையும் கொண்டுவருவது வேறொரு கொசு. ஏடிஸ் என்று பெயர். கறுப்பு உடம்பு, காலில் வெள்ளை வெள்ளைப் பட்டை. பெரும்பாலும் நல்ல தண்ணீர் நிற்கிற பாத்திரத்தில் முட்டை வைக்கும். பகலில் கடிக்கும். விடிந்த கையோடும் பொழுது சாய்வதற்கு முன்னாலும்தான் அதிகம். பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்கு மேல் அது போவது அபூர்வம். ஆகவே உங்களைக் கடித்த ஏடிஸ் உங்கள் வீட்டிலோ, எதிர் வீட்டிலோ, பின்தெருவிலோதான் பிறந்திருக்கும்.

இந்த ஊரில் நமக்கு ஒரு வசதியும் ஒரு சங்கடமும் சேர்ந்தே இருக்கின்றன. காவிரித் தண்ணீர் வருகிறது, ஆனால் தினமும் வருவதில்லை. அதனால் சம்பு, மாடியில் சின்டெக்ஸ், குளியலறையில் நீல டிரம், சமையலறையில் குடம் என்று பிடித்து வைக்கிறோம். பிடித்து வைக்காமல் எப்படி வாழ்வது? தண்ணீரைச் சேர்க்காதீர்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. அப்படிச் சொல்கிறவர்கள் ஷீட் வீட்டில் ஒரு வாரம் இருந்து பார்க்கவேண்டும்.

சேர்த்த தண்ணீரை என்ன செய்வது என்பதுதான் விஷயம். இங்கே ஒரு சின்ன நுட்பம் இருக்கிறது, எல்லாரும் தவறவிடுவது. ஏடிஸ் முட்டையைத் தண்ணீரில் போடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, டிரம்மின் உள்சுவரில் ஒட்டிவைக்கும். பார்த்தால் கரி பூசினாற்போல, மிளகுப் பொடி தூவினாற்போல ஒரு மெல்லிய கோடு. தண்ணீரைக் கொட்டிவிட்டு டிரம்மைக் கவிழ்த்துக் காயவைத்தாலும் அந்த முட்டை எளிதில் சாகாது. காய்ந்த நிலையிலேயே மாதக்கணக்கில் காத்திருக்கும். அடுத்த முறை தண்ணீர் ஏறி அதைத் தொட்டதும் பொரியும். பொரிந்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறக்க நம் ஊர் வெப்பத்தில் ஏழு முதல் பத்து நாள் ஆகும்.

ஆகவே வாரத்துக்கு ஒரு தடவை டிரம்மைக் காலி செய்து, உள்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேயுங்கள். சோப்பு வேண்டாம், மருந்து வேண்டாம். கொஞ்சம் பிளீச்சிங் பவுடர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குற்றமில்லை. தண்ணீர் நின்ற மட்டத்துக்குச் சற்று மேலே உள்ள இடத்தை விட்டுவிடாமல் சுற்றித் தேயுங்கள், கோடு அங்கேதான் இருக்கும். புழு இருந்த தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், காய்ந்த மண்ணில் ஊற்றுங்கள். அப்புறம் தண்ணீர் பிடித்ததும் பழைய வேட்டியை இரட்டையாக மடித்து வாயில் போட்டு, சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கிக் கட்டிவிடுங்கள். பிளாஸ்டிக் மூடி என்றால் ஓரத்தில் எப்படியும் இடைவெளி இருக்கும். துணியில் இடைவெளி கிடையாது. சம்பு மூடியையும் ஒரு தடவை குனிந்து பாருங்கள். மோட்டார் வயர் உள்ளே போகிற ஓட்டை ஒன்று இருக்கும், அதில் துணியைச் சுருட்டி அடையுங்கள். மாடி டாங்கியின் காற்றுக் குழாய்க்குக் கொசுவலைத் துண்டு ஒன்று கட்டினால் போதும்.

நான் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்வதாக நினைக்காதீர்கள். இந்தக் கன்டோன்மென்ட்டுக்கே உரிய கதை ஒன்று இருக்கிறது. 1883-ல் ரொனால்டு ராஸ் என்கிற இளம் ராணுவ டாக்டர் பெங்களூருக்கு வேலைக்கு வந்தார். தங்கிய பங்களாவில் கொசு தாங்க முடியவில்லை. தேடிப் பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே இருந்த ஒரு தொட்டியில் புழு. தொட்டியைக் கவிழ்த்தார், கொசு குறைந்துவிட்டது. அதிகாரிகள் சாப்பிடுகிற மெஸ்ஸிலும் இதையே செய்யலாம் என்று போய்ச் சொன்னார். அங்கே தோட்டத் தொட்டியில், பூ ஜாடியில், எறும்பு ஏறாமல் இருக்கச் சாப்பாட்டு மேஜைக் காலுக்கு அடியில் வைத்த தகரக் கிண்ணத்தில் என்று எங்கும் புழு. ஆனால் அங்கிருந்த அதிகாரி ஒப்புக்கொள்ளவில்லை. கொசுவையும் ஏதோ காரணத்துக்காகத்தானே படைத்திருக்கிறது, இயற்கையின் ஒழுங்கைக் குலைக்கக்கூடாது, பொறுத்துப் போக வேண்டியதுதான் என்றாராம். ராஸே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். அதே ராஸ்தான் 1897 ஆகஸ்ட் 20-ம் தேதி சிகந்தராபாத்தில் கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1902-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நோபல் கதையைவிட எனக்கு அந்தத் தொட்டியும் தகரக் கிண்ணமும்தான் பெரிதாகத் தெரிகின்றன. நம் வீட்டு அரிசி டப்பாவுக்கு, பீரோவுக்கு அடியில் இன்றைக்கும் அதே கிண்ணம் இருக்கிறது. அதில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். எண்ணெய் மேலே பரவி மூடினால் புழுவால் மூச்சு வாங்க முடியாது. குடிக்கிற தண்ணீரில் மட்டும் இந்த வேலை வேண்டாம்.

மற்ற இடங்களை நீங்களே சுற்றிப் பாருங்கள். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் கீழே ஒரு தட்டு இருக்கும், பலருக்கு அது இருப்பதே தெரியாது. ஜன்னலில் பாட்டிலில் வளர்க்கிற மணி பிளான்ட். தொட்டிச் செடிக்கு அடியில் வைக்கிற தட்டு. இந்த ஊரில் செடி இல்லாத பால்கனி ஏது? அந்தத் தட்டில் மணலை நிரப்பிவிடுங்கள், செடிக்கு ஈரமும் இருக்கும், கொசுவுக்கு இடமும் இருக்காது. குருவிக்கு மாடியில் தண்ணீர் வைக்கிறீர்கள், புண்ணியம், தினமும் கழுவி மாற்றுங்கள். தெருமுனையில் இளநீர் குடித்தால் காலிக் காயை இரண்டாக வெட்டித் தரச் சொல்லுங்கள். மொட்டைமாடி டயரை இன்றைக்கே தூக்கிப் போடுங்கள்.

2024 செப்டம்பரில் கர்நாடக அரசு டெங்குவைத் தொற்றுநோயாக அறிவித்தது. கொசு வளர விட்டால் நகரத்தில் வீட்டுக்கு 400 ரூபாய், காலிமனைக்கும் கட்டட வேலை நடக்கிற இடத்துக்கும் 2,000 ரூபாய் அபராதம் என்று விதியும் வந்தது. டார்ச்சோடு வருகிற ஆஷா அம்மாக்களை, அதாவது சுகாதாரப் பணிப் பெண்களைப் பார்த்ததும் சிலர் கதவைச் சாத்திக்கொள்கிறோம். வெயிலிலும் மழையிலும் நடந்து, கொஞ்சம் பணத்துக்கு நம் டிரம்மைப் பார்க்க வருகிறவர்கள் அவர்கள். உள்ளே கூப்பிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள். சொள்ளெ, அதாவது கொசு, எங்கே இருக்கிறது என்று அவர்கள் கன்னடத்தில் கேட்டால் கூடவே போய்க் காட்டுங்கள்.

சரி, பிறந்துவிட்ட கொசுவை என்ன செய்வது? மலிவானதும் நல்லதும் கொசுவலைதான். பகலில் தூங்குகிற குழந்தைக்கும் கட்டுங்கள், ஏடிஸ் பகலில்தான் கடிக்கும் என்று சொன்னேனே. வீட்டில் யாருக்காவது டெங்கு வந்தால் முதல் ஒரு வாரம் பகல் முழுக்க அவரை வலைக்குள் வையுங்கள். இதை யாரும் சொல்வதில்லை. அந்த நாட்களில் அவருடைய ரத்தத்தில் கிருமி இருக்கும். அவரைக் கடிக்கிற கொசு அதை எடுத்துக்கொண்டு, ஒரு பத்து நாளில் வீட்டில் மற்றவர்களுக்குக் கொடுக்கும். என் பேத்தியை வலைக்குள் வைக்கவேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. மூன்றாவது வாரம் என் மருமகளுக்கும் வந்தது.

வலைக்கு அடுத்தது டேபிள் ஃபேன். கொசுவுக்குக் காற்றை எதிர்த்துப் பறக்கத் தெம்பு கிடையாது. நம் மூச்சை மோப்பம் பிடித்துத்தான் அது நம்மைத் தேடி வருகிறது, ஃபேன் அந்த மூச்சையும் கலைத்துவிடும். கால் பக்கமாகத் திருப்பி வையுங்கள், பிள்ளைகள் மேஜைக்கு அடியில் கால் தொங்கப்போட்டுப் படிக்கும்போது அங்கேதான் கடிவாங்குகிறார்கள்.

வெளியே, பார்க்கிலோ கோயில் வாசலிலோ சாயங்காலம் உட்கார்ந்தால் முழுக்கை, வெளிர் நிறத் துணி. அடர்ந்த நிறம் ஏடிஸை இழுக்கும். தேய்க்கிற களிம்பு வாங்க வசதி இருந்தால் வாங்குங்கள், அது வேலை செய்யும். இல்லாவிட்டால் 100 மில்லி தேங்காய் எண்ணெய்க்கு அரை டீஸ்பூன் வேப்பெண்ணெய். 1990-களில் தில்லியில் மலேரியா ஆராய்ச்சி மையத்தில் ஏறத்தாழ இந்த அளவில்தான் சோதித்தார்கள். மலேரியாக் கொசுவை நன்றாகவே தடுத்தது, டெங்குக் கொசுவைக் கொஞ்சம் குறைவாக. கைக்குழந்தைக்கு எதுவும் பூசாதீர்கள், வலை போதும்.

கொசுவத்திச் சுருளைப் பற்றிக் கேட்பீர்கள். ஜன்னலைச் சாத்திவிட்டுச் சுருளைக் கொளுத்தி, பிள்ளைகளைப் பக்கத்தில் போட்டுத் தூங்க வைக்கிறோம். ஒரு சுருள் முழுக்க எரிந்தால் வெளிவருகிற நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் வரைக்கும் சமம் என்று 2003-ல் வந்த ஓர் ஆய்வு கணக்குப் போட்டுக் காட்டியது. மூடிய அறையில் அதை வைக்கவே வைக்காதீர்கள். ஊரில் பாட்டி போட்ட நொச்சி மூட்டமும் புகைதான், முற்றத்தில் போடலாம், பத்துக்குப் பத்து அறையில் வேண்டாம். ஓசை எழுப்பிக் கொசுவை விரட்டுவதாகச் சொல்கிற கருவிகளும் செல்போன் செயலிகளும் இருக்கின்றன, அப்படிப்பட்ட கருவிகள் வேலை செய்வதில்லை என்று பல கள ஆய்வுகள் காட்டிவிட்டன. எலுமிச்சையில் கிராம்பு குத்தி வைப்பது வாட்ஸ்அப்பில் அழகாக இருக்கும், அதை நம்பிப் பிள்ளையைத் தூங்க வைக்காதீர்கள்.

இன்னொன்று. மீன். அலங்காரத் தொட்டி, பழைய கிணறு இருந்தால் ஐந்தாறு கப்பி மீன் விடுங்கள், புழுவைத் தின்று தீர்த்துவிடும். கோலார் பக்கம் கிராமக் கிணறுகளில் இப்படி மீன் விட்டு மலேரியாவைக் குறைத்திருக்கிறார்கள். ஏரியில், ஆற்றில் மட்டும் கொண்டுபோய் விடாதீர்கள், அங்கே இருக்கிற நம் ஊர் மீன்களுக்கு அது கெடுதல்.

எங்கள் வீட்டில் லிக்விடுக்கும் சுருளுக்கும் மாதம் 200 ரூபாய் போய்க்கொண்டிருந்தது. இப்போது வெள்ளிக்கிழமை தலைக்கு ஊற்றுவதற்கு முன்னால் டிரம் தேய்க்கிறோம். பேத்திக்குத்தான் டார்ச் பொறுப்பு. உருளி இப்போதும் வாசலில் இருக்கிறது, தினமும் கவிழ்த்துத் துடைத்துப் புதுத் தண்ணீர்.

வெளியே வாசல் மேஜையில் ஒரு கண்ணாடி பாட்டிலில் கொசுப்புழு வைத்திருக்கிறேன். பின்தெருவில் ஒரு டிரம்மிலிருந்து நேற்று எடுத்தது, வாயில் துணி கட்டியிருக்கிறது, பயப்பட வேண்டாம். பக்கத்திலேயே அந்த டிரம்மிலிருந்து வெட்டிய பிளாஸ்டிக் துண்டு, முட்டைக் கோட்டோடு. போகும்போது வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பிள்ளைகளை முதலில் விடுங்கள், அவர்களுக்குத்தான் கண் கூர்மை.