கிராஸ்மக்லென்: ஒரு ஊரும் அதோட கிரவுண்டும்

எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்கு நான் பேசப்போறது ஒரு சின்ன ஊர் கிளப் பத்தி. வட அயர்லாந்துல அர்மா கவுண்ட்டியோட தெற்கு ஓரம், அயர்லாந்து குடியரசோட பார்டர் எட்டிப் பாத்தா தெரியுற தூரம், அங்க கிராஸ்மக்லென்னு ஒரு ஊர், மொத்தமே சுமார் 1,600 பேர்தான். அந்த ஊர்ல 1887ல ஆரம்பிச்ச கிளப்தான் கிராஸ்மக்லென் ரேஞ்சர்ஸ். அயர்லாந்து முழுக்க இருக்கிற கிளப்புகள் மோதுற கேலிக் ஃபுட்பால் சாம்பியன்ஷிப்பை இவங்க ஆறு தடவை ஜெயிச்சிருக்காங்க: 1997, 1999, 2000, 2007, 2011, 2012.

இந்த விளையாட்டைப் பாக்காதவங்களுக்காக ரெண்டு வார்த்தை. டீமுக்கு 15 பேர். பந்தைக் கையில பிடிக்கலாம், உதைக்கலாம், ஆனா கையில வச்சுக்கிட்டே நாலு ஸ்டெப்புக்கு மேல ஓடக்கூடாது, தரையில தட்டணும் இல்லன்னா கால் நுனியால தட்டி மறுபடி கைக்குக் கொண்டு வரணும். வலைக்குள்ள போட்டா 3 பாயின்ட், பாருக்கு மேல போனா 1, 2025ல வந்த புது ரூல்படி 40 மீட்டர் வளைவுக்கு வெளிய இருந்து அடிச்சா 2. இதை நடத்துறது ஜி.ஏ.ஏ., அதாவது கேலிக் அத்லெட்டிக் அசோசியேஷன், 1884 நவம்பர் 1ம் தேதி துர்லஸ் ஊர்ல ஒரு ஹோட்டல்ல மைக்கேல் கியூசாக், மாரிஸ் டாவின் இன்னும் சில பேர் கூடி ஆரம்பிச்ச அமைப்பு.

இதுல முக்கியமான விஷயம், யாருக்கும் சம்பளம் கிடையாது. 80,000 பேருக்கு மேல உக்காந்து பாக்குற க்ரோக் பார்க்ல ஃபைனல் ஆடுறவனும் திங்கக்கிழமை வேலைக்குப் போகணும். அதே மாதிரி நீ எந்த சர்ச் பங்குல பொறந்தியோ அதோட கிளப்புக்குத்தான் ஆடுவ, பெரிய கிளப் காசு குடுத்து உன்னை வாங்கிட்டுப் போக முடியாது. அதனால ஊர்ல பிள்ளைங்க இல்லன்னா டீம் இல்ல, ஊர்க்காரங்க கோடு போடலன்னா, ஜெர்சி துவைக்கலன்னா, வாராவாரம் கிளப் லாட்டரி டிக்கெட் விக்கலன்னா கிளப்பே இல்ல. தாத்தா ஆடின கிரவுண்ட்லதான் பேரனும் ஆடுறான்.

இப்ப அந்த கிரவுண்டுக்கு வரேன், நான் இன்னைக்குப் பேச வந்ததே அதுக்குத்தான். பேர் செயின்ட் ஆலிவர் பிளங்கெட் பார்க். வட அயர்லாந்து பிரிட்டன்கூட இருக்கணுமா, அயர்லாந்தோட சேரணுமான்னு 1970கள்ல கலவரம் முத்தினப்போ பக்கத்துலயே இருந்த போலீஸ் ஸ்டேஷன் பெரிய ராணுவ முகாமா மாறிடுச்சு, கிளப்போட நிலத்துல ஒரு பகுதியையும் பிரிட்டிஷ் ராணுவம் எடுத்துக்கிச்சு. அந்தப் பகுதி, பிரிட்டனை எதிர்த்து ஆயுதம் எடுத்த ஐ.ஆர்.ஏ.வோட கோட்டை, அங்க நிறைய சிப்பாய்ங்க செத்திருக்காங்க, ரோட்ல போனா குண்டு வெடிக்கும்னு பயந்து ஆளையும் சாமானையும் ஹெலிகாப்டர்லயே கொண்டு வந்தாங்க. நடுவுல மாட்டிக்கிட்டது ஊர் ஜனம். மேட்ச் நடந்துட்டு இருக்கும், தலைக்கு மேல ஹெலிகாப்டர் இறங்கும், சத்தத்துல பக்கத்துல இருக்கிறவன் கத்துறதுகூடக் கேக்காது. முகாம் சுவருக்கு அந்தப் பக்கம் போன பந்து திரும்பி வரும்னு நிச்சயம் கிடையாது.

அந்த நேரத்துல கிளப்பை வேற இடத்துக்கு மாத்திட்டுப் போயிருக்கலாம். போகல. நிலத்தைத் திருப்பிக் குடுன்னு வருஷக்கணக்கா கேட்டுக்கிட்டே, அதே புல்லுல பிள்ளைங்களுக்கு ட்ரெயினிங் குடுத்துக்கிட்டே இருந்தாங்க. அந்த ஆறு கோப்பையை விட இதைத்தான் நான் பெருசா மதிக்கிறேன், ஏன்னா அந்தக் காலத்துல அந்த ஊர்ல ஒரு பையன் சாயங்காலம் போறதுக்கு வேற என்ன இருந்துச்சு? ஒரு பக்கம் துப்பாக்கி, இன்னொரு பக்கம் செக்கிங், கிளப் இல்லன்னா எத்தனை பேர் எந்தப் பக்கம் போயிருப்பாங்களோ.

அப்படி வளந்த பசங்கதான் 1997 செயின்ட் பேட்ரிக்ஸ் டே அன்னைக்கு மேயோ கவுண்ட்டியோட நாக்மோர் கிளப்பை ஜெயிச்சு முதல் கோப்பை எடுத்தாங்க. 1996ல இருந்து 2008 வரை அர்மா கவுண்ட்டிக்குள்ள இருக்கிற கிளப்புகளுக்கான பட்டம் தொடர்ச்சியா 13 வருஷம் இவங்க கையில. முதல் மூணு கோப்பைக்கும் மேனேஜர் ஜோ கெர்னன், அதே ஊர்க்காரர். அப்புறம் அவர் அர்மா கவுண்ட்டி டீமை எடுத்தாரு. கவுண்ட்டி டீம்கள் மோதுற அயர்லாந்து சாம்பியன்ஷிப்போட 2002 ஃபைனல், எதிர்ல கெர்ரி கவுண்ட்டி, ஹாஃப் டைம்ல அர்மா நாலு பாயின்ட் பின்னால, கிராஸ்மக்லென் பையன் ஒஷீன் மெக்கான்வில் பெனால்ட்டியை வேற மிஸ் பண்ணிட்டாரு. டிரெஸ்ஸிங் ரூம்ல கெர்னன் 1977ல தான் ஆடித் தோத்தப்போ கிடைச்ச ஷீல்டை எடுத்துக் காட்டி, இதுதான் வேணுமான்னு கேட்டு சுவர்ல அடிச்சு உடைச்சாரு. ரெண்டாவது பாதியில அதே மெக்கான்வில் கோல் போட்டாரு, 1-12, 0-14 (முதல் எண் கோல், ரெண்டாவது பாயின்ட், ஒரு கோலுக்கு 3), அர்மாவுக்கு சரித்திரத்துல முதல் பட்டம்.

இன்னொண்ணு சொல்லணும், இது சங்கடமான விஷயம். பிரிட்டிஷ் ராணுவமோ வட அயர்லாந்து போலீஸோ ஜி.ஏ.ஏ.ல சேரக்கூடாதுன்னு ரூல் 21னு ஒண்ணு இருந்துச்சு. 1998 சமாதான ஒப்பந்தத்துக்கு அப்புறம் 2001 நவம்பர்ல அதை எடுத்தாங்க, வடக்குல இருக்கிற பெரும்பாலான கவுண்ட்டிகள் அப்பவும் எதிர்த்தாங்க. கிரவுண்டுக்குள்ள ஹெலிகாப்டர் இறங்கினதைப் பாத்தவங்களுக்கு அந்தக் கோபம் வந்தது நியாயம்தான்னு நினைக்கிறேன். ஆனா ரூலை எடுத்தது சரி, ஊருக்காக இருக்கிற அமைப்பு யாரையும் வாசல்ல நிறுத்தக்கூடாது. 2007ல ராணுவத்தோட அந்த நீண்ட ஆபரேஷனும் முடிஞ்சுது.

2024ல அர்மா ரெண்டாவது தடவை பட்டம் எடுத்தப்போ அந்த டீம்லயும் கிராஸ்மக்லென் பசங்க இருந்தாங்க, ரியன் ஓ'நீல் ஒருத்தர். முன்னாடி மார்ச்ல நடந்துட்டு இருந்த கிளப் ஃபைனலை இப்ப ஜனவரிக்கு மாத்திட்டாங்க, கிடைச்சா ஒரு மேட்ச் முழுசா பாருங்க. கேள்வி இருந்தா இப்ப கேளுங்க, மைக் பின் வரிசையில இருந்து ஆரம்பிக்கட்டும்.